முதல் மேஜையின் ஊர்க்காரர்

விழுப்புரத்தில் வாக்கு எண்ணும் கல்லூரிக்கு வெளியே அவரைச் சந்தித்தேன். ஒல்லியான விவசாயி, புதுச் சட்டையின் மடிப்புக்கூடக் கலையவில்லை. ஒலிபெருக்கி கரகரத்தாலே எழுந்து நின்றுவிடுவார்.

"மொத மேஜையில எங்க ஊரு மெஷின்தான் சார்!"

தேர்தல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்குக் காரணம் தெரியும். வாக்குச்சாவடிகளுக்கு வடமேற்கு மூலையிலிருந்து எண் போடுவோம். அதே வரிசையில் எண்ணுவோம். திண்டிவனம் பக்கத்து அவர் ஊர், பழைய தொகுதியின் தென்கிழக்குக் கோடியில் கடைசிச் சாவடி. எல்லையை மாற்றி வரைந்ததும் புதிய தொகுதியின் வடமேற்கு மூலையாகி, ஒன்றாம் எண்ணைப் பெற்றுவிட்டது. அதன்பின் நடந்த முதல் தேர்தல் அது.

"முன்னெல்லாம் ஜெயிச்சவரு மாலை போட்டுக்கினு ஊர்வலம் போனப்புறம்தான் எங்க ஓட்டையே எண்ணுவாங்க சார்."

"முதலில் எண்ணுவது தபால் ஓட்டு," என்று திருத்தினேன்.

"அவங்க வெயில்ல வரிசையில நின்னாங்களா? பேஜாரு பண்ணாதீங்க சார்."

முதல் சுற்றில் அவருடைய வேட்பாளர் முன்னிலை! என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தார். நானும் கொஞ்சம் குதித்துவிட்டேன். அடுத்த சுற்றிலேயே நிலைமை மாறியது.

"பின்தங்கிட்டாரே," என்றேன்.

"அது மத்த ஊரு ஓட்டு சார். எங்க ஊரை எண்ணுறப்போ அவருதான முன்னாடி?"

மூன்றாம் சுற்றுக்குக் காத்திருக்காமல், சேதி சொல்ல ஊருக்குப் பஸ் ஏறினார். மாலையில் அவருடைய வேட்பாளர் தோற்றார். தோற்ற தரப்பின் வாக்காளர் ஒருவர் அவ்வளவு நிமிர்ந்து வீடு திரும்பியதைப் பதிவு செய்ய, எனக்குத் தெரிந்த படிவங்களில் இடமே இல்லை.