ஒரே நாளில் விழுந்த இரண்டு பாடு

தோணிரேவில் துளசிங்கம் வீடு எது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். ராணி வீடு எது என்று கேட்டால் நடை பழகாத பிள்ளைகூடக் கை நீட்டிக் காட்டும். ஆறடி ஆள். ஆட்டுக்கொம்பு மாதிரி முறுக்கிய மீசை. இந்தக் கரையில் நின்று பேசினால் அந்தக் கரையில் கொக்கு எழும்பும் குரல். இவனுக்கு ராணி என்று பேர். அவன் பெண்டாட்டி தேவகி மட்டும் அப்படிக் கூப்பிட மாட்டாள். மகாராணி என்பாள்.

வெளியூர்க்காரர்கள் இதற்கு வாய்க்கு வந்தபடி கதை கட்டுகிறார்கள். நடந்தது இதுதான்.

பழவேற்காட்டுக் கோட்டை ஒல்லாந்துக்காரர்கள் கையில் இருந்த காலம். ஐப்பசியில் காற்று திரும்பியதும் கப்பல்கள் நங்கூரம் எடுத்துப் போய்விடும். அதற்குப் பிறகு கோட்டையில் ஆட்கள் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. ஒல்லாந்துப் பிள்ளைகள், அர்மேனிய வியாபாரியின் பிள்ளைகள், ஜாவாவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள், ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்ட பீரங்கிக்காரர்களின் பிள்ளைகள் என்று பதினோரு உருப்படி. பதினோரு பேருக்கும் சேர்த்து ஆறு பாஷை. வாத்தியார் பேர் பீத்தர். காற்றடித்தால் சாய்கிற உடம்பு, ஆனால் மூளைக்காரர். மழைக்காலத்தில் புத்தகத்தில் பூசணம் பிடிக்கிறது, பிள்ளைகள் தலையிலும் பிடிக்கிறது என்று சொல்லிக் கார்த்திகை மாதம் முழுக்கப் புத்தகத்தை மூடிப் பெட்டியில் வைத்துவிட்டார். அந்த மாதம் கையால் செய்வதுதான் படிப்பு. ரொட்டி சுட வேண்டும், துணியில் சாயம் எழுத வேண்டும், மரம் இழைக்க வேண்டும், வலை பின்ன வேண்டும், படகு தள்ள வேண்டும். சனிக்கிழமை ஆனால் ஆட்டம் பாட்டு. மாதக் கடைசியில் கோட்டைத் துரை முன்னால் பெரிய நாடகம்.

வலைக்கும் படகுக்கும் ஓர் ஆள் அனுப்பும்படி தோணிரேவுக்குச் சொல்லி வந்தது. ஒருத்தனும் அசையவில்லை. கார்த்திகைதான் எங்களுக்கு இறால் மாதம். இரவெல்லாம் வலையில் நின்றவன் பகலில் பிள்ளைகளோடு மல்லுக்கட்டுவானா? கடைசியில் பெரியதனக்காரர் பூபதி பாடு போட்டார்.

பாடு என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஏரியில் எல்லா இடத்திலும் இறால் ஒரே மாதிரி வராது. முகத்துவாரத்தில் கொட்டும், மற்ற இடத்தில் சிந்தும். அதனால் எந்த இடம், எந்த நாள், யாருக்கு என்று ஊர் கூடிக் குலுக்கிப் போடுவோம். ஆளுக்கு ஓர் அடையாளம், சிப்பியோ குச்சியோ, பானைக்குள் போகும். கைக்கு வந்தது வந்ததுதான். மாற்றிக்கொள்ள முடியாது. பாடு விழுந்தவன் தன் நாளன்று பொழுது சாயுமுன் தானே நேரில் நின்று வலை கட்டும் முதல் கழியை நட வேண்டும். வராவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

இந்தச் சட்டத்தைத் துளசிங்கம் அளவுக்குப் பிடித்துக்கொண்டு தொங்கியவன் ஏரியிலேயே கிடையாது. முந்தின வருஷம் அவன் மச்சான் கேசவன், தேவகியின் தம்பி, காய்ச்சலில் விழுந்து கால் நாழிகை தாமதமாக வந்தான். "பொழுது பூட்ச்சி, போடா! காய்ச்சலு உனக்கு, சூரியனுக்கா?" என்று கத்தித் திருப்பி அனுப்பியது துளசிங்கம்தான். கேசவன் அதை மறக்கவில்லை.

சரி. கோட்டைக்குப் போகிற பாடு யாருக்கு விழுந்தது? துளசிங்கத்துக்குத்தான். முனகிக்கொண்டே போனான்.

முதல் நாள் வலை பின்னும் பாடம். பள்ளிக்கூடத்து உதவியாள் ஞானதாஸ் பக்கத்தில் நின்று பாஷை மாற்றிச் சொல்ல வேண்டும். "நூலப் புடிடா, பேமானி! அது பாம்பா இன்னா, கடிச்சிடுமா?" என்று துளசிங்கம் அரை ஏரிக்குக் கேட்கும்படி கத்துவான். ஞானதாஸ் ஒல்லாந்து பாஷையில் மெல்ல மூன்று வார்த்தை சொல்வார்.

"யோவ், நான் அவ்ளோ சொன்னேன், நீ இத்தினிதான் சொல்றே?"

"மீதிய நான் வேற வேலைக்கு வெச்சிக்கிறேன் அண்ணே."

பிள்ளைகளுக்கு ஞானதாஸின் தயவு தேவைப்படவில்லை. பத்தே நாளில் முடிச்சும் வந்தது, தமிழும் வந்தது. எந்தத் தமிழ் என்று கேட்காதீர்கள். துரையின் மகன் வில்லம், வெள்ளைச் சட்டையும் வெள்ளித் தலைமுடியுமாக, முடிச்சு நழுவினால் "தூ, பேமானி" என்று நூலைத் திட்டுவான். பாவம் பீத்தர் வாத்தியார், அது ஏதோ மீனின் பேர் என்று நினைத்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

படகுதான் வரவில்லை. பதினோரு பேரும் கழியை ஊன்றித் தள்ளினால் படகு நின்ற இடத்திலேயே சுற்றியது. "இன்னாங்கடா, ராட்டினம் ஓட்டுறீங்களா?" என்று கரையில் நின்று தலையில் அடித்துக்கொள்வான் துளசிங்கம்.

மூன்றாவது வாரம் நாடகத்துக்கு வேஷம் பிரிக்க உட்கார்ந்தார்கள். ஒரு ராஜாவின் கிரீடம் கடலில் விழுந்துவிடுகிறது. ராணி கரையில் உட்கார்ந்து மூன்று நாள் அழுகிறாள். மீன்கள் கைவிரிக்க, ஒரு நண்டு அதை எடுத்துக்கொண்டு வந்து கொடுக்கிறது. இதுதான் கதை. நான்தான் ராஜா என்றான் வில்லம். "உங்கப்பன் துரைன்னா நீ ராஜாவா? அது எந்த ஊர் நாயம்?" என்றாள் மேரி. பீரங்கிக்காரர் ஒருத்தரின் மகள், பத்து வயசு, நாக்கு மட்டும் நாற்பது. வில்லம் அவள் சடையைப் பிடித்தான். அவள் அவன் காதைப் பிடித்தாள். மற்ற ஒன்பதும் கட்சி பிரிந்து உருண்டன. வாத்தியார் ஆறு பாஷையில் கெஞ்சினார்.

துளசிங்கத்துக்குப் பொறுக்கவில்லை. நடுவில் ஒரு பானையைக் கொண்டுவந்து தொம்மென்று வைத்தான்.

"பாடு போடுங்கடா! கூடினவங்க எல்லாரும் போடணும். யார் கைக்கு இன்னா வருதோ அதான். அப்பன் துரையா இருந்தாலும் சரி, ஆனையா இருந்தாலும் சரி. அழுவக்கூடாது, மாத்தக்கூடாது. வுழுந்தது வுழுந்ததுதான்!"

வேஷத்துக்கு ஒரு சிப்பி பானைக்குள் போனது. ராஜா மேரிக்கு விழுந்தது. வில்லத்துக்கு நண்டு. அவன் முகம் வெந்த நண்டு மாதிரியே ஆயிற்று. ஆனால் அழவில்லை. சட்டம் சட்டம்தானே. மறுநாள் துரைசானி நேரில் வந்து என் பிள்ளை நண்டா என்று கேட்டாளாம். அதற்குத் துளசிங்கம் சொன்ன பதிலை ஞானதாஸ் எப்படி மாற்றிச் சொன்னாரோ, அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

அதோடு முடிந்திருந்தால் இவனுக்கு அந்தப் பேர் வந்திருக்காது. பதினோரு பிள்ளைகள், பன்னிரண்டு வேஷம். பானையில் ஒரு சிப்பி மிச்சம். ராணி.

வில்லம் எழுந்து நின்று துளசிங்கத்தைக் கை காட்டினான். "இவரு போடல."

"நானா? நான் வலைக்காரன்டா!"

"கூடினவங்க எல்லாரும் போடணும்னு நீதானே சொன்னே?" என்றாள் மேரி. பானையைத் தூக்கி அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். இருந்தது ஒரே சிப்பி, அதற்கு எதற்குக் குலுக்கல்? மாட்டேன் என்று வாயைத் திறந்தான். பதினோரு பேரும் ஒரே குரலில், அவன் குரலிலேயே, "வுழுந்தது வுழுந்ததுதான்!" என்று கத்தினார்கள். கடைசியில் இரண்டு திட்டும் சேர்த்தார்கள்.

வேஷம் பிரித்த அன்றைக்குச் சாயங்காலமே ஊரில் அந்த மாதத்துக் கடைசிப் பாடு போட்டார்கள். முகத்துவாரம், கார்த்திகைக் கடைசிச் சனிக்கிழமை, துளசிங்கம். மூன்று வருஷமாக அவனுக்கு விழாத இடம். அந்த ஒரு நாள் இறால் இருந்தால் மழைக்காலம் முழுக்க அவன் வீட்டில் அடுப்பு எரியும். விட்டால் முகத்துவாரத்துக்கு அடுத்த குலுக்கல் பங்குனியில்தான், அப்போது இறால் கடலுக்குப் போயிருக்கும். அவனுக்கு அடுத்த ஆள் கேசவன்.

நாடகமும் அதே சனிக்கிழமை. வாத்தியாரிடம் போய் நாளை மாற்றச் சொன்னான். துரை மறுநாள் காலை மசூலிப்பட்டணம் கிளம்புகிறார், முடியாது என்றார். பூபதியிடம் போய்த் தலையைச் சொறிந்தான்.

"கொஞ்சம் முன்ன பின்ன ஆனா, பெரியதனம்..."

"முன்ன ஆனா பரவால்ல" என்றார் பூபதி. "பின்ன ஆனா இன்னான்னு போன வருசம் நீதானே சொன்னே? காய்ச்சலு சூரியனுக்கான்னு?"

பக்கத்தில் கேசவன் வலையை உதறிக்கொண்டிருந்தான். "மாமா, நீ நிதானமா அழுதுட்டு வா. மூணு நாள் அழணுமாமே. நான் கழி நட்டுக்கிறேன்."

வீட்டில் தேவகி அதற்கும் மேலே. "என் பொடவையக் கட்டிக்கினு போய்த் துரைக்கு முன்னாடி நில்லு. ஆனா பொழுது சாயறதுக்குள்ள முகத்துவாரத்துல கழி நிக்கல, அதே பொடவையோட என் வாசப்படி ஏறாத" என்றாள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் நேரம் இருந்தது. உச்சிப் பொழுதுக்கு நாடகம், இரண்டு நாழிகையில் முடிந்துவிடும், படகில் போனால் முகத்துவாரம் கூப்பிடு தூரம். ஒல்லாந்துக்காரர்கள் சாப்பிடுகிற அழகை அவன் கணக்கில் சேர்க்கவில்லை. சூப்பாம், பிறகு மீனாம், பிறகு வாத்தாம், பிறகு பாலாடைக் கட்டியாம். துரை வாயைத் துடைத்துக்கொண்டு நாற்காலிக்கு வந்தபோது கோட்டை மதில் நிழல் பாதி முற்றத்தைத் தாண்டிவிட்டது.

துளசிங்கம் தேவகியின் சிவப்புச் சேலையில், கழுத்து நிறைய மணியோடு, சணல் கூந்தலோடு வந்து நின்றான். மீசையை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டதால் அரிசி மாவைப் பூசி மறைத்திருந்தார்கள். அழ வேண்டிய இடம் வந்தது.

"ஐயோ, கிரீடம் போச்சே. மொத நாள் அழுதாச்சு. ரெண்டாம் நாள் அழுதாச்சு. மூணாம் நாளும் ஆச்சு. மீனுங்க எங்கடா? சீக்கிரம் வாங்கடா!"

ஞானதாஸ் என்னத்தைச் சொன்னாரோ, துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மீன்களாக வந்த பிள்ளைகளை அவன் பிடறியில் கை வைத்து வரிசையாகத் தள்ளி அனுப்பினான். எல்லாம் நண்டிடம் வந்து நின்றது. வில்லம் ஒரு வாரமாக ஏரிக்கரைச் சேற்றில் குப்புறப் படுத்து நண்டு எப்படி நடக்கிறது என்று பார்த்தவன். கிரீடத்தை வயிற்றில் இடுக்கிக்கொண்டு பக்கவாட்டில் நான்கு எட்டு வைப்பான். நிற்பான். கண்ணை உருட்டுவான். மூன்று எட்டு பின்னால் போவான். சனங்கள் கை தட்டத் தட்ட இன்னும் நிதானமானான்.

துளசிங்கம் மேலே பார்த்தான். சூரியன் தென்னை உயரத்தில் இருந்தது.

"டேய் நண்டு, என் பொழப்பு போவுதுடா!"

நேராகப் போனான். நண்டைக் கிரீடத்தோடு சேர்த்துத் தூக்கினான், கக்கத்தில் இடுக்கினான். கிரீடத்தைப் பிடுங்கி மேரி தலையில் கவிழ்த்தான். "இந்தா ராசா, கெடச்சிடுச்சி!" என்று சொல்லிவிட்டு, கக்கத்தில் இருந்த நண்டை இறக்கவும் மறந்து, கோட்டை வாசலைப் பார்த்து ஓடினான். ராஜா பின்னால் ஓடினாள். மீன்கள் ஒன்பதும் ஓடின. இதுவும் நாடகம்தான் என்று நினைத்து எல்லோரும் மதில்மேல் ஏறிக் கை தட்டினார்கள்.

கரையில் பள்ளிக்கூடத்துப் படகு நின்றது. துளசிங்கம் குதித்தான். சேலை கழியில் சுற்றிக்கொண்டது. அவிழ்க்க அவிழ்க்க இறுகியது. "பேமானிப் பொடவை!" என்று கத்தினான்.

"உக்காரு ராணி" என்றாள் மேரி. பதினோரு பேரும் கழிகளை எடுத்து ஊன்றினார்கள். மாதம் முழுக்க நின்ற இடத்தில் சுற்றிய படகு அன்றைக்கு ஓலையில் இழுத்த கோடு மாதிரி நேரே போனது.

முகத்துவாரத்தில் முழங்கால் தண்ணீரில் ஊரே நின்றது. கேசவன் கையில் கழி தயாராக இருந்தது. சூரியன் தண்ணீரைத் தொட நான்கு விரற்கடை. படகிலிருந்து சிவப்புச் சேலை ஒன்று தண்ணீரில் குதித்து வந்தது.

"நில்லும்மா" என்றான் கேசவன், முகத்தில் சிரிப்பே இல்லாமல். "யாரு வூட்டுப் பொண்ணு நீ? இங்க எங்க மாமனுக்குப் பாடு. பொம்பளைங்களுக்கு இல்ல."

"டேய், நான்தான்டா!"

"பெரியதனம், எங்க மாமனுக்கு மீசை கீது. இந்தம்மாவுக்கு இல்ல. சட்டம் சட்டம்தானே?"

பூபதி தாடையைத் தடவினார். மூன்று விரற்கடை. துளசிங்கம் இரண்டு கையாலும் ஏரித் தண்ணீரை அள்ளி முகத்தில் அறைந்தான். மாவு கரைந்து மீசை வெளியே வந்தது, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமாக. கூடவே வாயும் திறந்தது. கேசவனின் ஏழு தலைமுறையை அவன் வரிசையாகக் கூப்பிட, எதிர்க்கரையில் கொக்கெல்லாம் எழும்பின.

"இவன்தான்" என்றார் பூபதி.

அப்போது படகில் இருந்து பதினோரு குரல் ஒன்றாக எழுந்தது. "வுழுந்தது வுழுந்ததுதான்! மாத்தக்கூடாது!"

கேசவனுக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை. வெடித்துச் சிரித்துக்கொண்டே கழியை நீட்டினான். "புடி ராணி. நடு." நட்டான். சேலையோடு, மணியோடு, முழங்கால் தண்ணீரில். சூரியன் அதற்குப் பிறகுதான் இறங்கியது. வலையின் மறு முனையைப் பிடித்தது கேசவன்தான்.

விடிந்தபோது இரண்டு படகு கொள்ளாத இறால். தேவகி சேலை கிழிந்ததற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஒரு கூடை போனது, நண்டுக்கு என்று தனியாக நான்கு பெரிய இறால்.

அடுத்த கார்த்திகையில் அவனை யாரும் அனுப்பவில்லை, தானே கோட்டைக்குப் போனான். அதே நாடகம்தான், கழுதை வேஷம் ஒன்று மட்டும் புதிது. வேஷம் பிரிக்கிற நாளில் பிள்ளைகள் ராணிச் சிப்பியைப் பானையில் போடவில்லை. அது உனக்குத்தான் என்று நீட்டினார்கள். "பாடு போடாம எப்படிடா? சட்டம் இன்னா ஆவறது?" என்று கர்ஜித்து, சிப்பியைப் பிடுங்கிப் பானையில் போட்டுக் குலுக்கி, தானே கை விட்டு எடுத்தான்.

கழுதை வந்தது.

இரண்டு நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தான். தேவகிதான் வெளியே சொல்லிவிட்டாள். குலுக்கலுக்கு முந்தின ஒரு வாரமும் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, இந்த முறை மூன்று நாளும் ஒழுங்காக அழுது காட்ட வேண்டும் என்று பழகிக்கொண்டிருந்தானாம்.