அக்கா ரோஸ்

சீசன் முடிந்துவிட்டது. பத்திரிகைகளில் இன்னும் பக்கம் பக்கமாக அலசித் தள்ளுகிறார்கள். தற்காப்பு பலப்பட்டதாம், நடுக்களத்தில் பந்தை விட்டுக்கொடுக்காமல் ஆடினார்களாம், கோச் நடு சீசனில் வியூகத்தையே மாற்றிவிட்டாராம். மாற்றினார், யார் இல்லையென்றது? ஆனால் கடைசி இடத்தில் கிடந்த எங்கள் அணி மூன்றாம் இடத்துக்கு ஏறி வந்த கதையில் என் அக்காவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்கு வயிறு எரியுமா எரியாதா? அதனால்தான் நானே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் ஸ்டேடியத்தில் டிக்கெட் கவுண்டரில் வேலை பார்ப்பவள். அக்கா அதே ஸ்டேடியத்தின் கிழக்கு காலரிக்கு அடியில், துவைக்கும் அறையில். அணியின் சட்டை, டவுசர், சாக்ஸ், துண்டு எல்லாம் அவள் கை பட்டுத்தான் மைதானத்துக்குப் போகும். ஒரு வாரத்துக்கு என்று சொல்லித்தான் அவளைக் கூப்பிட்டார்கள். முன்பு துவைத்த பெண் பிரசவத்துக்குப் போனவள் திரும்பவே இல்லை. அத்தான் இறந்து அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன, மகள் கைக்குழந்தை. இன்றைக்கு அந்தக் கைக்குழந்தை நர்ஸிங் கடைசி வருடம் படிக்கிறாள். அவளை இந்த அளவுக்கு ஆளாக்கியது அந்த அறைதான்.

இத்தனை வருடத்தில் அக்கா ஒரு மேட்ச்சைக்கூட உட்கார்ந்து பார்த்ததில்லை. தலைக்கு மேலே காலரியில் ஜனங்கள் குதித்தால் கூரையிலிருந்து சுண்ணாம்புத் தூள் கொட்டும். மேஜை மேல் தூள் விழுந்தால் நாம் கோல் போட்டோம், விழாவிட்டால் வாங்கினோம். அவளுக்கு ஃபுட்பால் அவ்வளவுதான்.

ஆனால் அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. ஜெயித்த சட்டை என்றால் ஒவ்வொன்றாக எடுத்து, உள்பக்கம் திருப்பி, புல் கறையைக் கையால் தேய்த்து, பச்சைத் தண்ணீரில் போடுவாள். தோற்ற சட்டையைக் கையால் தொடவே மாட்டாள். கூடையை அப்படியே மெஷினில் கவிழ்த்து, கொதிக்கக் கொதிக்கச் சுடுதண்ணீர் விடுவாள். "தோத்தது வெந்து போகட்டும்டி" என்பாள். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் கோல்கீப்பர் இடது சாக்ஸை முதலில் போடுகிறான், கேப்டன் மைதானத்துக்குள் பின்பக்கமாக நுழைகிறான், இவளை மட்டும் யார் கேட்பது?

இந்த சீசன் ஆரம்பத்தில் சுடுதண்ணீருக்கு ஓய்வே இல்லை. தோல்வி மேல் தோல்வி. எங்கள் கோல்கீப்பருக்கு ரசிகர்கள் வைத்த பெயர் 'ஓட்டை'. என் கவுண்டரில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். கோச் வீட்டுக்குக்கூடப் போகாமல் ஆபீஸ் அறையிலேயே படுத்துக்கொண்டு, பழைய மேட்ச்சுகளைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். இன்னும் ஒன்று தோற்றால் கோச்சுக்குக் கல்தா என்று ஊரே பேசியது.

ஒரே வாரத்தில் இரண்டு மேட்ச் வந்தது. புதன்கிழமை மேட்ச்சில் எங்களை நாறடித்தார்கள். மறுநாள் காலையில் அக்கா வழக்கம்போலக் கூடையைக் கவிழ்த்தாள், கொதிநீரைத் திறந்தாள். கடைசியில் மெஷின் கதவைத் திறந்தால், உள்ளே வெள்ளைச் சட்டை ஒன்றுகூட இல்லை. எல்லாம் ரோஸ் கலர். பளிச்சென்று, குழந்தைக்கு வாங்கும் மிட்டாய் மாதிரி. நடுவில் ஈரமாக, கனமாக ஒரு புத்தம்புதுச் சிவப்புப் போர்வை.

கோச்சுடையது. அவர் அறை நாற்காலியில் தொங்கியதை அவள் பார்த்திருக்கிறாள். வீட்டுத் துணியைக் கிளப் மெஷினில் போடக் கூடாது என்பதால், மனிதர் யாருக்கும் தெரியாமல் கூடைக்கு அடியில் திணித்திருக்கிறார். பிளீச் போட்டாள், ஊறவைத்தாள், தேய்த்தாள். மலிவான பருத்தி கலந்த துணி, சாயத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. மாற்று செட் மெரூன் கலர். சனிக்கிழமை எங்களோடு மோதும் அணியும் மெரூன். புதுச் சட்டை தைக்க நேரம் கிடையாது.

கிளப் மேனேஜர் வந்து பார்த்தார். அவருக்கு முகமே சட்டை கலருக்கு மாறிவிட்டது.

"ஏம்மா, இது ஃபுட்பால் டீமா, டான்ஸ் கோஷ்டியா? என்னத்தைப் போட்டீங்க உள்ள?"

"தப்பு நடந்துபோச்சு சார்" என்றாள் அக்கா. அவ்வளவுதான் சொன்னாள். போர்வையை ஏற்கெனவே காயவைத்து, மடித்து, ஒரு பையில் போட்டு, கோச் அறைக் கதவில் மாட்டிவிட்டு வந்திருந்தாள்.

"சீசன் முடியிற வரைக்கும் இருங்க. அதுக்கப்புறம் வெளிக் கம்பெனிக்கே லாண்டரிய விட்டுடப் போறோம். இனிமே உங்களை நம்பி இருக்க முடியாது."

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது நான் ஆடித் தீர்த்துவிட்டேன்.

"போர்வை அவரோடதுன்னு சொல்ல வேண்டியதுதானே! வாயை எங்க அடகு வெச்ச?"

"கூடையைப் பார்க்காம கவுத்தது நான்தானே?"

"திணிச்சது அவரு!"

"அவரே கயித்து மேல நிக்கிறாருடி. ஆபீஸ்லயே படுத்துக் கெடக்காரு, வீட்டுத் துணிய திருட்டுத்தனமா போட்டாருன்னு தெரிஞ்சா இன்னைக்கே வெளிய தள்ளிடுவாங்க. அந்தப் பாவம் எனக்கெதுக்கு? அவரா சொன்னா சொல்லட்டும். நீ வாயைத் தொறக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணித் தொலைத்தேன். என் வாய்க்கு நானே பூட்டுப் போட்டு வைத்திருந்ததற்கு எனக்குத் தனியாக ஒரு கோப்பை கொடுத்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை ரோஸ் சட்டையில் பையன்கள் இறங்கினார்கள். எதிரணி ரசிகர்கள் விசில் அடித்தார்கள், பறக்கும் முத்தம் கொடுத்தார்கள். எதிரணித் தற்காப்பு வீரன் ஒருவன் சிரித்துக்கொண்டே நிற்கையில், நாங்கள் 'மின்னல்' என்று கூப்பிடும் முன்கள ஆட்டக்காரன் அவன் கால் இடுக்கிலேயே பந்தை விட்டு எடுத்துக்கொண்டு போய் கோல் போட்டான். ஓட்டை அன்றைக்கு ஒரு பந்தையும் உள்ளே விடவில்லை. கீழே அக்காவின் மேஜை முழுக்கச் சுண்ணாம்பு.

அடுத்த வாரமும் ஜெயித்தோம். அதற்கடுத்த வாரமும். வெள்ளைச் சட்டையைத் தொடவே மாட்டோம் என்று பையன்கள் அடம்பிடித்தார்கள். கவுண்டரில் வரிசை ரோட்டைத் தாண்டியது. பாட்டில் கம்பெனி ஆட்கள், பள்ளிக்கூட டீச்சர்கள், மீசை வைத்த லாரி டிரைவர்கள் எல்லாரும் ரோஸ் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். ஓட்டைக்கு 'பூட்டு' என்று புதுப் பெயர் வந்தது.

ஆனால் ஏறிய சாயம் இறங்காமல் இருக்குமா? ஒரு நாள் பூட்டு மூச்சிரைக்க அக்கா அறைக்கு ஓடி வந்தான்.

"அக்கா, வெளுக்குது! சட்டை வெளுக்குதுக்கா! ஏதாவது பண்ணுங்க!"

என்ன பண்ணுவாள்? நேராகக் கோச் அறைக்குப் போனாள். கதவைத் தட்டி, "சார், அந்தப் போர்வை கொஞ்சம் வேணும்" என்றாள். அவர் முகம் வெளிறிவிட்டதாம். அன்றைக்கு ஆரம்பித்தது. சட்டை வெளுக்கும்போதெல்லாம் அந்தப் பெரிய மனிதர் கோட்டுக்குள் போர்வையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, கர்ப்பிணி மாதிரி மெதுவாக நடந்து துவைக்கும் அறைக்கு வருவார். வைப்பார், போவார். "நன்றிம்மா" என்பார். அதற்கு மேல் பேச்சில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டிவியில் அவரை மேதை என்கிறார்கள், கூட்டம் கூட்டமாக வந்து கைகுலுக்குகிறார்கள். இங்கே என் அக்கா வேலை போகப்போகிற நாளை எண்ணிக்கொண்டு அவருடைய அணிக்குச் சாயம் ஏற்றுகிறாள். "மனுஷனுக்கு நாக்குல சுளுக்கா?" என்று கேட்டால், "டீம் நல்லா ஆடுதில்ல, விடுடி" என்பாள். ஆனால் ராத்திரி சாப்பிடும்போது மகளின் கடைசி வருடப் படிப்பைப் பற்றிப் பேச்சு வந்தால், தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள். அவளுக்குப் பயமாக இருந்தது. எனக்கும்தான்.

மூன்றாம் இடம். கிளப் ஆரம்பித்த நாளிலிருந்து இவ்வளவு உயரம் ஏறியதே இல்லை. கடைசி மேட்ச் முடிந்த மறுவாரம், ஒரு பிற்பகலில், காலரிக்கு அடியில் உள்ள நீள ஹாலில் சீசன் ஆய்வுக் கூட்டம். கிளப் உறுப்பினர்கள், ஆட்டக்காரர்கள், ஊழியர்கள் எல்லாரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். நானும் அக்காவும் கடைசி வரிசை.

கிளப் தலைவர் பேசினார். கேப்டனுக்கு முட்டியில் ஆபரேஷன், ஆனால் அடுத்த சீசன் தொடங்குவதற்குள் தேறிவிடுவான். பூட்டு இன்னும் இரண்டு சீசனுக்குக் கையெழுத்துப் போட்டாயிற்று. ஹால் அதிர்ந்தது. மின்னலைப் பெரிய கிளப் ஒன்று கொத்திக்கொண்டு போகிறது. "ஐயோ" என்று ஹாலே துவண்டுவிட்டது. அவன் இடத்துக்கு இரண்டு பேரைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். பிறகு மேனேஜர் எழுந்து, அடுத்த சீசனிலிருந்து லாண்டரி வேலை வெளிக் கம்பெனிக்குப் போவதாக, புல் வெட்டும் மெஷின் வாங்குவதைச் சொல்வது போலப் போகிற போக்கில் சொல்லிவிட்டு உட்காரப் போனார். அக்கா மடியில் கையைக் கோத்துக்கொண்டாள்.

அப்போது முன்வரிசையிலிருந்து சலூன்காரர் எழுந்தார். மழையானாலும் வெயிலானாலும் தவறாமல் வருபவர்.

"எல்லாம் சரிங்க. அந்த ரோஸ் கலர் யாரோட ஐடியா? அந்த மகராசனுக்குக் கைதட்டணும்."

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "அது... நிர்வாகம் நல்லா யோசிச்சு எடுத்த முடிவு. ஒரு புது அடையாளம் வேணும்னு..."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. சத்தியமாவது மண்ணாவது என்று எழுந்தேவிட்டேன். அக்கா என் கையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்து உட்காரவைத்தாள். நான் திமிறிக்கொண்டிருக்கும்போதே மேடையில் இருந்த கோச் எழுந்து, யாரையும் பார்க்காமல் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போய்விட்டார். "பாத்தியா, ஓடிட்டாரு" என்றேன் அக்காவிடம்.

ஓடவில்லை. திரும்பி வந்தார். கையில் போர்வை.

அதை மேஜைமேல் விரித்தார். பக்கத்தில், கூடவே எடுத்து வந்திருந்த மின்னலின் சட்டையை வைத்தார். இரண்டும் ஒரே ரோஸ். அந்தச் சிவப்பு மொத்தமும் கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் அணியின் சட்டைக்குள் போயிருந்தது.

"இது என்னோட போர்வை" என்றார் கோச். "ஆபீஸ்லயே படுத்திருந்த காலத்துல வாங்கினது. யாருக்கும் தெரியாம கூடையில நான்தான் போட்டேன். அந்தம்மா பழியைத் தலைமேல ஏத்துக்கிட்டாங்க, நான் பேசாம இருந்தேன். வேலை போகும்னும் எனக்குத் தெரியும். தோக்கும்போது பேசப் பயமா இருந்துச்சு. ஜெயிக்க ஆரம்பிச்சதும் அதைவிடப் பயமா இருந்துச்சு. என்னைக் காப்பாத்தினது அவங்க. ஐடியாவெல்லாம் யாருக்கும் கெடையாது. அவங்களை அனுப்புறதா இருந்தா என்னையும் சேர்த்து அனுப்புங்க."

 எல்லாத் தலையும் கடைசி வரிசைக்குத் திரும்பியது.

அக்கா எழுந்தாள். நான் அழுகிறேன், அவள் அழவில்லை. நடுவில் நடந்து மேடைக்குப் போனாள். கோச்சைப் பார்க்கவில்லை. போர்வையின் ஓரத்தை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தாள், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"சார், இதுல இனிமே சாயம் இல்ல" என்றாள். "அடுத்த சீசனுக்கு வேற வாங்குங்க."

ஹால் வெடித்தது. சலூன்காரர் நாற்காலிமேல் ஏறிவிட்டார். பையன்கள் மேஜையைத் தாண்டிக் குதித்து வந்து அக்காவைத் தோளில் தூக்கினார்கள். "இறக்குங்கடா, புடவை!" என்று அவள் கத்தியது யார் காதிலும் விழவில்லை. தலைவர் மைக்கைப் பிடித்து, லாண்டரி எங்கேயும் போகாது, அந்தம்மாவை நிரந்தரமாக்குகிறோம் என்று கத்தினார். சந்தடி சாக்கில் மேனேஜர், ரோஸ் சட்டையை ஃபேக்டரியிலேயே ஆர்டர் கொடுத்துவிடலாம் என்று யோசனை சொன்னார். பூட்டு மைக்கைப் பிடுங்கினான்.

"ஃபேக்டரி ரோஸ் யாருக்கு வேணும்? எங்களுக்கு அக்கா ரோஸ்தான் வேணும். வெள்ளையா வாங்கிக் குடுங்க, மிச்சத்த அக்கா பாத்துப்பாங்க!"

வீட்டுக்கு நடந்து வரும்போது, தெரு முனை மருந்துக் கடைப் பக்கம் வந்ததும் அக்கா நின்றாள். "வேலை போகலடி" என்றாள். அப்புறம்தான் அழுதாள். அழட்டும் என்று நானும் பக்கத்தில் நின்றுகொண்டு, போகிற வருகிறவர்களை முறைத்துக்கொண்டிருந்தேன்.

ஓய்வுக் காலமும் முடிந்தது. மின்னல் போய்விட்டான், போகும்போது ஒரு ரோஸ் சட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். கேப்டன் ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறான். புது ஆட்டக்காரர்கள் இருவரும் வந்து அக்காவிடம் தலையைக் காட்டிவிட்டுப் போனார்கள். ஒருவன் நன்றாக ஓடுகிறான், இன்னொருவன் சாப்பிடுகிறான், பார்ப்போம். மேனேஜர் என்னைக் கண்டால் வேறு பக்கமாகப் போகிறார்.

நேற்றுதான் அடுத்த சீசனுக்கு முதல் நாள் பயிற்சி. வேலிக்கு வெளியே ரசிகர்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்ல வெயில். கோச் ஆபீஸ் அறையிலிருந்து வெளியே வந்தார். கோட்டு இல்லை. புத்தம்புதுச் சிவப்புப் போர்வை ஒன்றை இரண்டு கையாலும் முன்னால் ஏந்திக்கொண்டு, மைதானத்தின் நடுவிலேயே நடந்து வந்தார். வேலி ஓரத்தில் ஒருவர் கைதட்ட ஆரம்பித்தார், அப்புறம் எல்லாரும் தட்டினார்கள். பையன்கள் பந்தை நிறுத்திவிட்டு வழி விட்டார்கள்.

அக்கா கதவு நிலையில் நின்று வாங்கிக்கொண்டாள்.

"மொதல்ல தனியா அலசிப் பாக்குறேன் சார். எவ்வளவு சாயம் விடுதுன்னு தெரிஞ்சாத்தான் சட்டையப் போட முடியும்."

"சரிங்கக்கா" என்றார் கோச்.