பிடியரிசியை வைத்துவிட்டு வெளியே நடந்த ஞாயிறு

கர்த்தருக்குள் எனக்கு உடன்பிறந்தவர்களாகிய உங்களோடு, ரெபேக்காள் என்கிற நான் என் வாழ்க்கையில் நடந்த ஒன்றைப் பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தவள். வேதம் வாசிக்கத் தெரியும். வாசித்தால் கேள்வி வரும். அதுதான் என்னிடம் உள்ள குறையும் நிறையும்.

எங்கள் ஊர் திருப்பனந்தாளுக்குப் பக்கத்தில், மண்ணியாற்றங்கரையில் இருக்கிறது. நாங்கள் எல்லாரும் பண்ணையாரின் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். குடியிருந்த குடிசை மனையும் அவருடையதுதான். ஆட்சி மாறி, கறுப்பு சிவப்புக் கரை வேட்டிகள் ஊருக்குள் வரத் தொடங்கிய புதிது. காலம் மாறிவிட்டது என்று எல்லாரும் பேசினார்கள். அந்த வருஷம் தை மாதம் சம்பா அறுவடைக்கு, கூலி நெல்லில் அரைப்படி கூட்டிக் கொடுத்தால்தான் வயலில் இறங்குவோம் என்று எங்கள் தெரு முடிவு செய்தது. பண்ணையார் வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கினார். இரண்டு வாரம் ஊர் இரண்டாகக் கிடந்தது.

அப்போது ஒருநாள் பொழுது சாய்கிற நேரத்தில் களத்து மேட்டில் பண்ணையாரின் வைக்கோல் போர் தீப்பிடித்து எரிந்தது. மறுநாள் காலையில் போலீஸ் வந்து என் வீட்டுக்காரர் ஞானமுத்துவைப் பிடித்துக்கொண்டு போனது. தீ எரிந்த நேரத்தில் அவர் ஆட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டு வந்து என் எதிரில் புல்லுக்கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். பெண்டாட்டி சொல்வதை யார் நம்புவார்கள்?

அவர் தீப்பந்தத்தோடு ஓடியதைக் கண்ணால் பார்த்தேன் என்று ஒருவன் வாக்குமூலம் கொடுத்திருந்தான். அவன் பெயர் ஏசடியான். எங்கள் தெருக்காரன், எங்கள் சபைக்காரன். என் வீட்டுக்காரரை அண்ணே என்றும் என்னை அண்ணி என்றும் கூப்பிட்டவன். வேலைநிறுத்தத்தில் எங்களோடு நிற்காமல் வெளியூர் ஆட்களோடு சேர்ந்து அறுக்கப் போனவனும் அவன்தான். அதற்காகத் தெருவே அவன் வீட்டை ஒதுக்கி வைத்திருந்தது. அந்தக் கோபத்தில் பொய் சொல்லிவிட்டான் என்று நினைத்தேன்.

மாசி போனது. பங்குனி போனது. ஜாமீன் கிடைக்கவில்லை. வாய்தா வாய்தாவாகக் கும்பகோணம் கோர்ட்டு வாசலில் போய் நின்றேன். எங்கள் விவசாயக் கூலிகள் சங்கம் அமர்த்திய வக்கீல் நல்ல மனுஷர். அவர் சொன்னது ஒன்றுதான். கேஸ் முழுக்க அந்த ஒரு சாட்சியின் மேல் நிற்கிறது, அது அசையாதவரைக்கும் நான் ஒன்றும் செய்ய முடியாது என்றார். அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போது, இனி அவர் வரமாட்டார் என்றே என் மனதுக்குப் பட்டது. அழுகைகூட வரவில்லை.

ஜெபத்தை மட்டும் விடவில்லை. காலையில் எழுந்ததும் முழங்கால் போடுவேன். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைச் சபைக்கென்று எடுத்துப் பையில் போடுவேன். கஞ்சிக்கே அரிசி போதாத நாளிலும் போட்டேன். என் விண்ணப்பம் இரண்டு. அவரை விடுவியும். ஏசடியானைத் தண்டியும். ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தையும் சொல்வேன். ஆனால் எங்களுக்கு விரோதமாகக் குற்றம் செய்கிறவர்களுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல என்கிற இடம் வந்தால் வாய் அடைத்துக்கொள்ளும். அந்த இடத்தைத் தாண்டி அடுத்ததற்குப் போய்விடுவேன்.

இப்படிச் சில நாள் போனபிறகு எனக்கே ஒரு யோசனை வந்தது. ஒரு வரியை விட்டுவிட்டுச் சொல்கிற ஜெபம் மேலே போகுமா, பாதியில் நிற்குமா? எங்கள் சிற்றாலயத்தில் ஆராதனை நடத்துகிற உபதேசியாரிடம் போய்க் கேட்டேன். அவர், "எனக்குத் தெரியலம்மா. விட்டுட்டோம்னு உனக்கே உறுத்துதுல்ல? அதையும் சேத்துச் சொல்லு, அதுவும் ஜெபந்தான்" என்றார். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. ஆனால் அவர் தெரியாததைத் தெரியாது என்று சொன்னது பிடித்திருந்தது.

திருவிருந்து எடுப்பதையும் நிறுத்திவிட்டேன். மாதம் ஒருமுறை டவுனிலிருந்து போதகர் சைக்கிளில் வந்து அப்பமும் திராட்சரசமும் கொடுப்பார். ஏசடியான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பான். அவன் வாய் வைத்த கிண்ணத்தில் நான் வாய் வைக்கமாட்டேன் என்று இருந்துவிட்டேன். அவனும் எழுந்து வந்ததில்லை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலைப்பிரசங்கத்திலிருந்து ஒரு பகுதியை வாசித்தார்கள். சின்ன வயதிலிருந்து கேட்ட பகுதி. காணிக்கையோடு பீடத்துக்கு வந்திருக்கும்போது சகோதரனோடு மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், முதலில் போய் அவனோடு ஒப்புரவாக வேண்டும் என்பதுதான். உனக்கு யார் மேலாவது குறை இருந்தால் என்று ஆண்டவர் சொன்னதாகத்தான் நான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அன்றைக்குக் காதில் வேறு மாதிரி விழுந்தது. வீட்டுக்கு வந்து வேதத்தைத் திறந்து, விரல் வைத்து எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். அப்படி இல்லை. சகோதரனுக்கு உன் மேல் குறை உண்டென்று நினைவுக்கு வந்தால் என்றுதான் இருக்கிறது.

அவனுக்கு என் மேலா? என் புருஷனை ஜெயிலில் போட்டவனுக்கு என் மேல் என்ன குறை இருக்க முடியும்?

அந்த வாரம் முழுக்க வயலுக்கு எரு சுமந்தோம். தலையில் கூடை, மனதில் இந்தக் கேள்வி. ஜெபத்தில் அதைத்தான் கேட்டேன். அவனைத் தண்டியும் என்று கேட்க நினைத்தாலும், என்ன குறை, என்ன குறை என்றே வந்தது. எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற ஆசை என் கோபத்தைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டது. இன்றைக்கு யோசித்தால் அந்த ஆசையும் கர்த்தர் போட்டதுதான் என்று நம்புகிறேன்.

அடுத்த ஞாயிறு பிடியரிசி செலுத்துகிற ஞாயிறு. பெண்கள் வரிசையாகப் போய்ப் பையைப் பீடத்துக்கு முன்னால் வைத்தார்கள். என் முறை வந்தது. பையை வைத்தேன். ஜெபிக்கக் குனிந்தவள் அப்படியே நிமிர்ந்து, திரும்பி வாசல் வழியாக வெளியே நடந்தேன். பாட்டு நின்றுபோனது பின்னால் கேட்டது.

ஏசடியான் வீடு கோயிலிலிருந்து ஐந்தாவது வீடு. அவன் கோயிலில் இருந்தான். அவன் பெண்டாட்டி சாராள் மட்டும் வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது. தோள் எலும்பு தெரிய இளைத்திருந்தாள். நான் எதிரில் போய் நின்றதும் என்ன பேசுவது என்று தெரியவில்லை. கேட்க வந்ததைக் கேட்டுவிட்டேன்.

"சாராளு, உங்களுக்கு என் மேல ஏதாவது குறை இருக்கா?"

அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"இப்பதான் கேக்கத் தோணுச்சாக்கா?"

பிறகு அவள் சொன்னாள். தை மாதம் தெரு அவர்களை ஒதுக்கி வைத்திருந்தபோது, அவளுடைய கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டிருந்தது. பிறந்து மூன்று மாதம்கூட ஆகாத பெண் குழந்தை. குடத்தை எடுத்துக்கொண்டு அடிபம்புக்கு வந்தாள். அங்கே நான் நின்றேன். பம்பின் கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு, உன் எஜமான் வீட்டுக் கிணற்றில் போய் மொண்டுகொள் என்று சொன்னேன். எங்கள் சாதிக்காரர்களைப் பண்ணையார் எந்தக் காலத்தில் கிணற்றங்கரையில் விட்டார்? எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் வாய்க்காலில் தேங்கிக் கிடந்த தண்ணீரை மொண்டுகொண்டு போனாள். எட்டு நாளில் குழந்தை போய்விட்டது.

குழந்தை செத்தது எனக்குத் தெரியும். அடக்கத்துக்குத் தெருவில் யாரும் போகவில்லை, நானும் போகவில்லை. ஆனால் பம்பில் நான் சொன்ன வார்த்தை எனக்கு மறந்தே போயிருந்தது. அன்றைக்கு நறுக்கென்று ஒன்று சொன்னோம் என்று வேறு நினைத்திருக்கிறேன்.

"அந்தத் தண்ணியாலதான் போச்சுன்னு நான் சொல்லலக்கா. அது கர்த்தருக்குத்தான் தெரியும். ஆனா நீ ஒரு கொடம் விட்டிருக்கலாம்" என்றாள்.

ஏசடியான் ஏன் அறுக்கப் போனான் என்றும் அப்போதுதான் தெரிந்தது. பிள்ளை பெற்றவளுக்கு வீட்டில் ஒரு குந்துமணி அரிசி இல்லை. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. குழந்தையைப் புதைத்த வாரம்தான் வைக்கோல் போர் எரிந்தது. பண்ணையின் காரியக்காரர் வந்து, யாரென்று பார்த்தாயா, ஒரு பெயரைச் சொல்லு என்றபோது, தண்ணீர் தராதவளின் புருஷன் பெயர் அவன் வாயில் வந்துவிட்டது.

நான் சாராளின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். தப்பு செய்துவிட்டேன் என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. கோர்ட்டில் உண்மையைச் சொல்லச் சொல் என்கிற வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அதைக் கேட்டிருந்தால் என் மன்னிப்பு பேரம் ஆகியிருக்கும். எப்படியோ விழுங்கிவிட்டேன். சாராள் என்னைத் தூக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. முறத்தை மறுபடி மடியில் எடுத்துக்கொண்டு, போக்கா என்றாள். வந்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து முதல் குடம் தண்ணீரை அவள் வாசலில் கொண்டுபோய் வைத்தேன். தெருவில் முணுமுணுத்தார்கள். புருஷன் ஜெயிலில் இருக்கும்போது இவளுக்கு இது தேவையா என்று என் காதுபடவே பேசினார்கள். சாராள் முதலில் அந்தத் தண்ணீரை முருங்கைக்கு ஊற்றினாள். ஒருநாள் போனபோது குடம் உள்ளே இருந்தது. அன்றைக்குத்தான் விட்டுப்போன அந்த வரியைச் சொன்னேன். சொல்லும்போது, மன்னிக்கிறவள் இடத்திலா, மன்னிப்பு கேட்கிறவள் இடத்திலா, எங்கே நிற்கிறேன் என்று எனக்கே புரியவில்லை.

ஆனி மாத வாய்தாவில் ஏசடியானைக் கூண்டில் ஏற்றினார்கள். அவன் என் பக்கம் பார்க்கவில்லை. வக்கீல் முதல் கேள்வியைக் கேட்குமுன்பே கையைக் கட்டிக்கொண்டு, "நான் யாரையும் பாக்கலைங்க. தீயத்தான் பாத்தேன். பேரச் சொன்னது பொய்ங்க" என்றான். பொய் சாட்சிக்கு நீ உள்ளே போக வேண்டிவரும், தெரியுமா என்று நீதிபதி கேட்டார். தெரியுங்க என்றான். அவன் வாயிலிருந்து அப்படி வரும் என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது.

ஆடியில், காவிரித் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்த வாரத்தில், என் வீட்டுக்காரர் விடுதலையாகி வந்தார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. ஏசடியானை நீதிபதி எச்சரித்து விட்டுவிட்டார். பண்ணையார் விடவில்லை. அவன் குடிசையைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். சட்டி பானையோடு அவர்கள் தெருவில் நின்றபோது, எங்கள் குடிசைக்குப் பக்கத்தில் ஒரு சாய்ப்புக் கொட்டகை இறக்கிக்கொள்ளச் சொல்லலாம் என்றேன். என் வீட்டுக்காரருக்கு வந்த கோபத்தை நான் அதுவரைக்கும் பார்த்ததில்லை. ஆறு மாசம் நான் களி தின்னது உனக்கு விளையாட்டா என்று கேட்டார். நான் நடந்ததை எல்லாம் சொன்னேன், பம்பில் நான் சொன்னதையும் மறைக்காமல். அவர் எழுந்து போனார். மாலையில் மூங்கில் கழியைத் தோளில் சுமந்துகொண்டு வந்து, ஏசடியானிடம் போட்டுவிட்டு, "குழி தோண்டு" என்றார். சங்கம் எங்கள் பின்னால் நின்றதால் பண்ணையார் அந்தக் கொட்டகையைத் தொடவில்லை. பின்னால் சர்க்கார், குடியிருந்தவர்களுக்கே மனை சொந்தம் என்று சட்டம் போட்டபோது இரண்டு குடும்பத்துக்கும் அடுத்தடுத்துப் பட்டா கிடைத்தது.

அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் நானும் அவரும் உட்கார்ந்து, யாருக்கு நம் மேல் குறை இருக்கும் என்று யோசிப்போம். பெரும்பாலும் சின்ன விஷயம்தான், எங்கள் ஆடு யார் வீட்டு அவரைக்கொடியையாவது மேய்ந்திருக்கும். போய்க் கேட்டால் அவர்கள் இன்னும் இரண்டு குறையைச் சேர்த்துச் சொல்வார்கள். கேட்டுக்கொண்டு வருவோம். முன்பெல்லாம் உபதேசம் கோயிலில் மனப்பாடம் சொல்வதற்கு என்று இருந்தேன். அது பம்படிக்கும் வரும், வயலுக்கும் வரும் என்று இப்போது தெரிகிறது.

எனக்குத் தெரியாதது இன்னும் நிறைய இருக்கிறது. வைக்கோல் போரைக் கொளுத்தியது யார் என்று இன்றுவரை தெரியாது. சகோதரன் என்று ஆண்டவர் சொன்னதில் பண்ணையாரும் அடக்கமா என்று உபதேசியாரிடம் கேட்டேன். போதகரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். சொல்லவேயில்லை. என் ஜெபத்துக்குப் பதில், நான் விடாமல் கேட்டதால் வந்ததா, கேட்பதை விழுங்கியபோது வந்ததா, அதுவும் தெரியாது. சாராள் இன்றைக்கு என்னோடு ஒரே வரிசையில் நின்று நாற்று நடுகிறாள். மன்னித்தேன் என்று அவள் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. நான் கேட்கவும் மாட்டேன்.

பிரியமானவர்களே, உங்களில் யாராவது ஒருவர் மேல் குறையோடு இன்றைக்கு இங்கே வந்திருந்தால், அந்தக் குறை நியாயமாகவே இருக்கலாம், என்னுடையதும் நியாயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவருக்கு உங்கள் மேல் என்ன இருக்கிறது என்று ஒருமுறை போய்க் கேளுங்கள். பதில் பயமாக இருக்கும். நான் பயந்துகொண்டுதான் போனேன். போன இடத்தில் கர்த்தர் எனக்கு முன்னமே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.