கறுப்பு வளையம் மூன்று

ஜெராக்ஸ் மிஷின் பழுது பார்க்கிறவளுக்கு ரேடியோப் பைத்தியமும் பிடித்தால் வீடு என்ன ஆகும்? சமையலறை அலமாரியில் பாதி இடத்தில்தான் பாத்திரம். மீதியெல்லாம் மிஷின் வயிற்றிலிருந்து பிடுங்கிய சாமான்.

தெருவுக்கு அவள் ஜெராக்ஸ் அக்கா. முறையாக லைசென்ஸ் வாங்கிய ஹாம் ரேடியோக்காரி. மொட்டை மாடியில் கம்பி கட்டி ஊர் உலகத்தோடெல்லாம் பேசுவாள். ஆனால் அவளுக்கு உயிர் போல இருந்தது ஞாயிறு காலை பத்து மணி. அப்போதுதான் கூடப்பிறந்த அக்கா அலையில் வருவாள்.

இருவரும் நேரில் பேசி ஆறு வருடம். நாற்பத்தெட்டு வயதில் அக்கா மறுமணம் செய்துகொண்டபோது, "இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்று நாலு பேர் முன்னால் இவள் கேட்டுவிட்டாள். வாய்க்கொழுப்பு, வேறென்ன! அக்கா போன் நம்பரை மாற்றினாள், வீட்டை மாற்றினாள், போன இடத்தைச் சொல்லவில்லை. ஆனால் லைசென்ஸோடு வந்த, அலையில் தான் யாரென்று அறிவிக்கிற அழைப்புக்குறியை மாற்றவில்லை. ஒரு ஞாயிறு அது இவள் காதில் விழ, கூப்பிட்டுவிட்டாள். முறைப்படி கூப்பிட்டவர் பகையாளியே ஆனாலும் சிக்னல் எப்படிக் கேட்கிறது என்று சொல்லியாக வேண்டும். ஹாம் கூட்டத்தின் மரியாதை அது. அக்காவும் சொன்னாள். அன்றிலிருந்து வாரம் தவறாமல் மூன்றே வாக்கியம்: சிக்னல் இப்படி, வானிலை இப்படி, வணக்கம்.

அதற்கும் ஆபத்து வந்தது, எதிர்வீட்டு நர்ஸ் வழியாக. இவள் மைக்கை அமுக்கினால் அங்கே காலிங் பெல் அடித்தது. நைட் டூட்டி முடித்துத் தூங்குகிற மனுஷி எழுந்து கதவைத் திறந்தால் வாசலில் ஈ காக்கை இல்லை.

"அடுத்த ஞாயிறும் அடிச்சிச்சுன்னா மாடிக் கம்பிய நானே அறுத்துடுவேன்க்கா. சொல்லிட்டேன்."

நியாயமான கோபம். கோளாறும் தெரிந்ததுதான். ஆன்டெனா கேபிளின் வெளித்தோலில் வேண்டாத அலை ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் திரும்பி, கண்ட ஒயரிலும் ஏறுகிறது. கேபிளை, பீங்கான் மாதிரி இருக்கும் கறுப்பு ஃபெரைட் வளையம் ஒன்றில் பத்துச் சுற்றுச் சுற்றினால் அதுதான் சோக். அலையை வழியிலேயே மறித்துவிடும். ஆனால் எந்த வளையம்? பழைய மிஷின்களில் கழற்றியவை ஒரு டப்பா நிறைய இருந்தன. எது என்ன ரகம் என்று ஒன்றிலாவது ஒரு எழுத்து இருக்க வேண்டுமே!

காந்தத்தைக் காட்டினாள். எல்லாம் ஒட்டின. அது பரீட்சையே இல்லை என்று அப்போது புத்தியில் உறைக்கவில்லை. இருப்பதிலேயே பெரியதாய், மஞ்சள் பூச்சோடு பளபளத்ததை எடுத்துச் சுற்றினாள். புதன் சாயங்காலம் நர்ஸை அவள் வீட்டு பெல்லுக்குக் கீழே நிற்க வைத்துவிட்டு, மைக்கை அமுக்கினாள். டிங் டாங்.

"உசுரு நல்லாத்தான் இருக்கு!" என்று நர்ஸ் அங்கிருந்து கத்தினாள்.

பூச்சைச் சுரண்டிப் பார்த்தால், அழுத்திச் செய்த இரும்புத்தூள். பவர் சப்ளைக்குள் கிடக்கத்தான் அது லாயக்கு, ஃபெரைட்டே இல்லை. அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. கறுப்பு வளையங்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். பார்க்க எல்லாம் ஒரே அச்சு, குணம் மட்டும் ஆளுக்கொன்று. இவள் ரேடியோவின் சக்தியை ஏற்றிக்கொண்டே போக, எத்தனை வாட்டில் பெல் விழிக்கிறது என்று நர்ஸ் ஆஸ்பத்திரிச் சார்ட் போலக் கோடு போட்டு எழுதினாள். இரண்டாம் நம்பர், பத்து வாட். ஐந்தாம் நம்பர், இருபது. கம்பியை அறுக்க வந்தவள் மறுநாள் டூட்டிக்குக் கிளம்பும்போதும், "ஆறாம் நம்பர் பார்த்துட்டுப் போறேனே," என்றாள்.

வெள்ளிக்கிழமை ஏழாம் நம்பர் அறுபது வரை தாங்கியது. ஒரு கிழட்டு மிஷினில் அதன் கூடப்பிறந்தவை இன்னும் இரண்டு கிடைத்தன. மூன்றையும் அடுக்கிக் கேபிளைச் சுற்றினாள். நூறு வாட்டிலும் பெல் மூச்சு விடவில்லை. நர்ஸ் கை தட்டினாள்.

ஞாயிறு பத்து மணி. அக்கா சிக்னல் சொன்னாள், வானிலை சொன்னாள், வணக்கம் சொல்லவில்லை.

"உன் குரலுக்குப் பின்னால எப்பவும் ஒரு உறுமல் இருக்கும். இன்னிக்கு இல்லியே, என்ன பண்ணின?"

நாலாவது வாக்கியம்! இவள் படபடவென்று எல்லாவற்றையும் கொட்டினாள்.

"மஞ்சளையா சுத்தின? அறிவு கெட்டவளே!" அக்கா சிரித்தாள். திட்டு வாங்கியது இவளுக்குத் தித்தித்தது. "இங்கயும் நான் பேசினா டிவி ஆடுது. அவரு பாவம், ஒண்ணும் சொல்லாம அணைச்சிட்டு உக்காந்திருப்பாரு. அந்தக் கறுப்பு கிடைக்குமா?"

"அதே மாடல் இன்னொண்ணு கடையில கிடக்கு. கழட்டித் தரேன். அட்ரஸ் சொல்லு."

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று உறைத்தது. வெறும் இரைச்சல். ஊரே கேட்டால் கேட்கட்டும் என்று மறுபடி மைக்கை அமுக்கினாள்.

"அக்கா, அன்னிக்கு நான் பேசினது தப்பு. மாமாகிட்டயும் சொல்லிடு."

 பிறகு அக்கா கதவு எண்ணைச் சொன்னாள். தெருப் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னாள். நர்ஸின் சார்ட்டுக்குப் பின்பக்கம் எழுதிக்கொண்டு, இவள் திருப்பிப் படித்துக் காட்டினாள்.

"சரியாக்கா? நாளைக்கே பார்சல் போட்டுடறேன்."

"பார்சல்ல நொறுங்கிடும்டி," என்றாள் அக்கா. "கையில கொண்டா."