கோலா தெர்லா பங்களாவின் முன்படியில் இரண்டு ஜோடிச் செருப்பு

இந்த வலைப்பூவைப் படிக்கிறவர்களுக்கு என் பைத்தியம் தெரியும். எந்த ஊருக்குப் போனாலும் கோயில் குளத்துக்கு முன்னால் பணக்காரர்களின் வீட்டைத்தான் தேடுவேன். இத்தாலியில் ஏரிக்கரை மாளிகை, ராஜஸ்தானில் அரண்மனை, பாரிசுக்கு வெளியே முந்நூறு ஜன்னல் வைத்த வீடு என்று டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்து எழுதியிருக்கிறேன். முதன்முதலாக உள்ளே போய்ப் பார்த்த வீட்டைப் பற்றி மட்டும் இதுவரை எழுதவில்லை. அது கேமரன் மலையில் இருக்கிறது. வருடம் 1979, ஆகஸ்ட் மாதம். போன மாதம் என் அக்காவோடு மறுபடி அங்கே போய்வந்தேன், அதனால்தான் இப்போது வாய் திறக்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஈப்போவில் டெலிபோன் ஆப்பரேட்டர். கமலாக்கா ஏழு மாதக் கர்ப்பிணி. அவள் கணவர் முனியாண்டி அத்தான் தேயிலைத் தோட்டத்தில் மருந்தடித்து மருந்தடித்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர். இனி மருந்துப் பம்பைத் தோளில் தூக்கக் கூடாது என்று தானா ராத்தா ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அந்த நேரத்தில் கிடைத்ததுதான் பங்களாக் காவல் வேலை. கோலாலம்பூர் தவுக்கே, அதாவது சீன முதலாளி, ஒருவர் தோட்டத்துக்கு மேலே கட்டியிருந்த பங்களா அது. வேலையோடு தங்குவதற்கு ஓர் அறையும் உண்டு. வேலை போனால் அறையும் போகும், அத்தான் மறுபடி மருந்துப் பம்பைத்தான் தூக்க வேண்டும்.

அன்று சிம்பாங் பூலாய் சாலை கிடையாது. ஈப்போவில் காலை ஏழே காலுக்குப் பஸ் ஏறி, தாப்பாவில் இறங்கி, ஒன்பதரைக்கு மலைப் பஸ் பிடித்தேன். தாப்பாவிலிருந்து தானா ராத்தா அறுபது கிலோமீட்டர், இரண்டே கால் மணி நேரம். பாதி வழியில் வாந்தி எடுக்காதவர்கள் ஓட்டுநரும் நானும்தான். மமாக் கடையில் ரொட்டி சானாய் இரண்டும் தேத்தண்ணியும் தொண்ணூறு காசு. பிரிஞ்சாங்கிலிருந்து காய்கறி லோரியில் பன்னிரண்டு கிலோமீட்டர். லோரிக்கார அண்ணன் காசு வாங்க மறுத்துவிட்டார். ஆனால் பங்களா பெயரைச் சொன்னதும் திரும்பி என்னை ஒரு தரம் பார்த்தார்.

“அந்த வீட்டுக்குள்ள போயிராத, தங்கச்சி. முன்னால காவலுக்கு இருந்தவன் சொந்தக்காரங்கள உள்ள வுட்டு படம் புடிச்சான்லா. அன்னைக்கே சாமான் சட்டிய ரோட்டுல போட்டுட்டாங்க.”

சரி சரி என்று தலையாட்டினேன். எந்தப் பக்கமாக உள்ளே போகலாம் என்பதுதான் மனசுக்குள் ஓடியது.

வளைவு திரும்பியதும் பங்களா தெரிந்தது. வெள்ளைச் சுவரில் கறுப்பு மரச்சட்டம் போட்ட இங்கிலீஷ் பாணி வீடு. மூன்று மாடி, ஒரு கோபுரம், பதினெட்டு அறை, ஒன்பது கணப்பு அடுப்பு. தவுக்கே வருடத்தில் பத்து நாள் வந்தால் அதிகம். ஆனால் மலை ஈரத்தில் கம்பளமும் பியானோவும் பூஞ்சை பிடிக்கும் என்று அத்தான் தினமும் மூன்று மூன்று அறையாகக் கணப்பை மூட்ட வேண்டும். வாரம் ஒரு தடவை எல்லாக் குழாயையும் திறந்து மூட வேண்டும். ஆளில்லாத வீட்டுக்கு நாள் முழுக்க வேலை. அக்காவும் அத்தானும் இருந்தது கார் கொட்டகைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட அறை. அதில் புகைபோக்கி இல்லை. அக்கா கோணிப்பையைக் காலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

என் வெட்கங்கெட்ட நச்சரிப்பு சாப்பிட்ட கையோடு ஆரம்பித்தது. ஒரே ஒரு தடவை அத்தான், அஞ்சே நிமிஷம் அத்தான். அவர் முடியாது என்றார். அக்காவும் வேண்டாமென்றாள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். கடைசியில் அவர் இறங்கி வந்தார். இது ஆள் வரும் மாதம் இல்லை, வந்தாலும் டிரைவர் கீழே முதல் வளைவிலேயே ஹார்ன் அடிப்பான், அதிலிருந்து கேட்டுக்கு ஆறு நிமிடம் ஆகும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். பின்னால் சமையற்கட்டு, அதான் குசினி, வழியாகப் போகலாம் என்றார். நானோ முன்வாசல் வழியாகத்தான் போவேன் என்று அடம் பிடித்தேன். பெரிய வீட்டுக்குள் பெரிய மனுஷி மாதிரி நுழைய வேண்டும் என்ற கொழுப்பு, வேறென்ன.

அத்தான் குசினியில் தனக்கென்று வைத்திருந்த கான்வாஸ் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு உள்பக்கமாகப் போய் முன்கதவைத் திறந்தார். தவுக்கே வீட்டுக்குள் எல்லாரும் சப்பாத்தோடு, அதாவது ஷூவோடு, நடப்பதுதான் வழக்கமாம். அக்காவும் நானும் படியேறி, யாரும் சொல்லாமலே, செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு உள்ளே போனோம். வீடு என்றால் வாசலில் செருப்பைக் கழற்றுவதுதானே. கோடி வெள்ளி வீடானாலும் கால் தானாகவே அதைச் செய்துவிட்டது.

உள்ளே பார்த்ததையெல்லாம் எழுத ஆசைதான். மான் தலைகள், என் உயரத்துக்குக் கடிகாரம், எட்டுப் பேர் படுக்கும் கட்டில். நாய் படுப்பதற்கென்று தனியாகக் கணப்பு வைத்த ஓர் அறையைப் பார்த்து அக்கா வயிற்றைத் தடவிக்கொண்டாள். மேல்மாடிக் குளியலறையில் தங்க முலாம் பூசிய குழாய். நான் காலித் தொட்டிக்குள் இறங்கிச் சாய்ந்து உட்கார்ந்தேன். அப்போதுதான் ஹார்ன் சத்தம் கேட்டது.

முதலில் யாரும் நம்பவில்லை. மறுபடி கேட்டது, இன்னும் கிட்டத்தில். பனிமூட்டத்தில் முதல் வளைவு ஹார்ன் எங்கள் காதுக்கு எட்டவில்லை, இது இரண்டாவது.  அத்தான் தொட்டியில் என் கைபட்ட இடத்தையெல்லாம் சட்டையால் துடைத்தார், முன்கதவை உள்பக்கமாகத் தாழிட ஓடினார், அங்கிருந்து குசினி வழியாகக் கேட்டுக்கு ஓடினார். நாங்கள் பின்படிக்கட்டு வழியாக இறங்கினோம். அக்காவால் வேகமாக இறங்க முடியவில்லை. ஒவ்வொரு படியிலும் நான் மனசுக்குள் அவளைத் திட்டினேன். குசினிக் கதவைச் சாத்திவிட்டு அறைக்குள் வந்து விழுந்தபோது சிமெண்டுத் தரை ஜில்லென்று சுட்டது. குனிந்து பார்த்தேன். நான்கு கால், நான்கும் வெறுங்கால்.

ஜன்னல் இடுக்கில் பார்த்தால் முன்படி தெரியும். கறுப்பு மெர்சிடிஸ் வந்து நின்றிருந்தது. தவுக்கே இல்லை, அவர் மனைவி மட்டும் இறங்கினார். நாற்பது வயதிருக்கும், நல்ல சிவப்பு. படியில் கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். அக்காவின் தேய்ந்த ரப்பர் ஜப்பான் சிலிப்பர் அவர் கண்ணில் பட்டதாகத் தெரியவில்லை. ஈப்போவில் பன்னிரண்டு வெள்ளிக்கு வாங்கிய என் சிவப்புக் குதிகால் செருப்பைத்தான் பார்த்தார்.

“சியாப்பா புன்யா?” என்றார். யாருடையது என்று. அத்தான் தலை குனிந்து நின்றார். அந்த அம்மாள் மேல்மாடி ஜன்னல்களை அண்ணாந்து பார்த்தார். உள்ளே யார், எத்தனை நாளாக வருகிறாள், என் புருஷன் எப்போது கூட்டி வந்தான் என்று அடுத்தடுத்து கேட்டார், குரல் உடைந்துகொண்டே வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் எதற்காக வந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இதுவரை நான் யாரிடமும் சொல்லாததை இங்கே சொல்கிறேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. அக்காவின் கையைப் பிடித்து இழுத்து, பேசாம இரு, பழி தவுக்கே மேல போகட்டும், வேலை தப்பிச்சிரும் என்று காதோடு சொன்னேன். அக்கா என்னைப் பார்த்தாள். என் கையை உதறினாள். வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு அந்தச் சரளைக்கல்லில் வெறுங்காலோடு நடந்து போனாள்.

“மெம், இது என்னுது. அந்தச் செவப்பு என் தங்கச்சிது. ஈப்போலேர்ந்து வந்திருக்கா. ஒங்க வீட்டப் பாக்கணும்னா, நாங்கதான் உள்ள போனோம்” என்று தனக்குத் தெரிந்த மலாயும் தமிழுமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

அந்த அம்மாள் நம்பவில்லை. போட்டுக் காட்டு என்று எனக்குச் சைகை செய்தார். அவசரத்தில் வாரே பிடிபடவில்லை. இரண்டாவது முயற்சியில் மாட்டியது. என் குதிகாலையும் செருப்பையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, போட்டிருந்த பட்டு உடுப்போடு அந்தப் படியிலேயே உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.   எழுந்து போகும்போது அத்தானிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: அடுத்த தடவை குசினி வழியாக வரச் சொல்.

வேலை போகவில்லை. அத்தான் 1988 வரை அங்கேதான் இருந்தார். அக்கா மகள் அந்தத் தகர அறையில்தான் தவழ்ந்தாள்.

போக நினைப்பவர்களுக்குச் சில விவரம். இப்போது ஈப்போவிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாக ஒன்றரை மணி நேரத்தில் கம்போங் ராஜா வந்துவிடலாம், அங்கிருந்து கோலா தெர்லா பக்கம்தான். சனி ஞாயிறு போகாதீர்கள், காய்கறி லோரிக்கும் சுற்றுலா பஸ்ஸுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். மதியம் இரண்டு மணிக்குமேல் மழை நிச்சயம். பங்களா இப்போது ஓட்டல். தங்க வேண்டாம், மாலைத் தேநீர் குடித்தால் போதும், கீழ்மாடி முழுக்கச் சுற்றிப் பார்க்க விடுகிறார்கள். குளியல் தொட்டி இன்னும் இருக்கிறதாம். நான் மேலே போகவில்லை.

தேநீர் குடிக்கும்போதுதான் அக்காவிடம் கேட்டேன். நாற்பது வருடத்துக்கு மேலாகக் கேட்காத கேள்வி. ஏழு மாத வயிற்றோடு நடுரோட்டில் நிற்க வேண்டி வந்திருக்குமே, எந்தத் தைரியத்தில் அன்று வெளியே போனாய் என்று. அவள் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டே சொன்னாள்.

“அந்தம்மா அழுதுட்டுப் போயிருந்தா, அப்புறம் அந்த ரூம்ல நாங்க எப்படிலா தூங்கறது?”

கிளம்பும்போது முன்வாசலில் அவள் தன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டாள். உள்ளே வரும்போது கழற்ற வேண்டியதில்லை என்று ஓட்டல்காரர்கள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். நான் சப்பாத்தோடுதான் உள்ளே போயிருந்தேன்.