ஆறு தொட்டிக்கு மண்

தக்காளி

லிவர்மோரில் மண் யார்டில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், வந்தவர்கள் எல்லோரும் தக்காளிக்குத்தான் மண் கேட்டார்கள். பிக்-அப் டிரக்கில் வந்த தாடிக்காரருக்குத் தக்காளி. காலேஜ் பையன்கள் இரண்டு பேருக்குத் தக்காளி. முடி நரைத்த ஒரு வெள்ளைக்கார அம்மாவுக்கும் தக்காளி. இந்த ஊர்க்காரர்களுக்குத் தக்காளி மேல் இவ்வளவு ஆசையா என்று நினைத்துக்கொண்டேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அப்போது இங்கிலீஷ் பேசச் சுத்தமாக வராது, கேட்டால் பாதி புரியும். இருந்தாலும் தெரிந்ததைச் சொல்லாமல் விடக்கூடாது என்று, காய் கனத்தால் செடி சாயும், குச்சி நட்டுக் கட்டுங்கள் என்று தாடிக்காரரிடம் கையாலேயே காட்டினேன். அவர் என் முதலாளி ஹெக்டரைப் பார்த்தார். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

டிரக் போன பிறகு ஹெக்டர் ஐந்து விரலையும் இலை மாதிரி விரித்துக் காட்டினார். பிறகு இரண்டு விரலை உதட்டில் வைத்துப் புகை விட்டார். "டொமேட்டோ" என்றார்.

கஞ்சா. எங்கள் கரூர்ப் பக்கத்தில் அந்தப் பேரைச் சொன்னால் போலீஸ் ஜீப் வரும். கலிபோர்னியாவில் இப்போது வீட்டுக்கு ஆறு செடி வளர்க்கலாம், சட்டமே விட்டுவிட்டது, பழைய பயத்தில் இன்னும் தக்காளி என்றே சொல்கிறார்கள் என்று ஹெக்டர் விளக்கினார். நாம் விற்பது மண், மீதி அவர்கள் பாடு என்றார். அன்று மாலை வீட்டுக்குப் போனதும் பூட்ஸை இரண்டு முறை கழுவினேன்.

மண்

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு, நான் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். தொட்டி மண் என்பது தோட்டத்து மண் அல்ல. அதைத் தொட்டியில் போட்டால் செங்கல் மாதிரி இறுகிவிடும். நாங்கள் கலப்பது தேங்காய் நார்த்தூள், மட்கிய கம்போஸ்ட், மண்புழு உரம், காற்றோட்டத்துக்குப் பெர்லைட், கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கு, கொஞ்சம் சிப்பித் தூள். நார்த்தூள் கட்டியாக வரும். பொள்ளாச்சி என்று பையிலேயே அச்சடித்திருக்கும். அதில் உப்பு இருக்கும். ஊறவைத்து, பிழிந்து, மறுபடி ஊறவைக்க வேண்டும். சோம்பல்பட்டால் இலை ஓரம் கருகும்.

கலந்த மண்ணை உடனே கொடுக்கக் கூடாது. ஈரமாக்கித் தார்ப்பாய் போட்டு மூடி, சில வாரம் விட வேண்டும். உள்ளே சூடேறும். கையை விட்டால் சுடச்சுட இருக்கும். அந்தச் சூடு அடங்கிய பிறகுதான் மண் தயார். ஒரு பிடி எடுத்து அமுக்கினால் உருண்டை நிற்கணும், விரலால் குத்தினால் உதிரணும். அவசரப்பட்டுச் சூட்டோடு வாங்கிப் போனவர்கள் வெந்த நாற்றோடு திரும்பி வந்து சண்டை பிடித்திருக்கிறார்கள்.

விதை பற்றியும் வாடிக்கையாளர்கள் பேசிக் கேட்டதுதான். நல்ல விதை சாம்பல் நிறத்தில் புலிக்கோடு போட்டிருக்கும். வெளுத்துப் பச்சையாக இருந்தால் முற்றவில்லை. செடியில் ஆண் வேறு, பெண் வேறு. மருந்துக்கு ஆவது பெண் செடியின் பூ. ஆண் செடி பூ விரியும் முன்னே பிடுங்கிவிட வேண்டும். விட்டால் பெண் செடி தன் சத்தையெல்லாம் விதையில் போட்டுவிடும், பூ தேறாது. இதைக் கேட்டபோது எனக்கு ஒப்பவே இல்லை. சனி ஞாயிறுகளில் நம் ஆட்கள் வீட்டுத் தோட்டத்தில் பாத்தி கட்டிக் கொடுப்பது என் தனி வேலை. டப்ளின், சான் ரமோன் என்று போவேன். தேனீ வராத பின்கட்டுகளில் பூசணி ஆண் பூவைப் பெண் பூவில் பிரஷ்ஷால் தடவச் சொல்லித் தந்தவனே நான்தான். ஆண் பூவைப் பார்த்தால் எடுத்துத் தடவத் தோன்றுமே தவிர, பிடுங்கி எறியத் தோன்றாது.

வக்கீல்

அக்கா போட்ட ஸ்பான்சரில்தான் நாங்கள் வந்தோம். அந்த வரிசை நகர்ந்து எங்கள் முறை வருவதற்குள் என் மகள் பூங்கொடிக்கு இருபத்தொரு வயது தாண்டிவிட்டது. அவள் பெயரை எடுத்துவிட்டார்கள். நானும் என் மனைவி சிவகாமியும் மட்டும் விமானம் ஏறினோம். பூங்கொடி கரூரில் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டு விடுதியில் தங்கினாள். நான் இங்கிருந்து அவளுக்காக மனுப் போட்டேன். அதில் ஒரு சிக்கல். நான் கிரீன் கார்டில் இருக்கும்போது அவளுக்குக் கல்யாணம் ஆனால் அந்த மனு அதோடு செத்துப்போகும். நான் சிட்டிசன் ஆன பிறகு கல்யாணம் ஆனால், வரிசை நீளுமே தவிர, இடம் போகாது.

மாப்பிள்ளை பார்த்து முடிவாகிவிட்டது. நல்ல பையன். அவன் வீட்டில் தேதி கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு ஞாயிறும் பூங்கொடி போனில் ஒன்றும் கேட்க மாட்டாள். கேட்காமல் இருப்பதுதான் எனக்குத் தாங்காது. சிவகாமி பேசும்போது நான் எழுந்து போய்க் குழாயை மூடுவேன், கதவைத் திறப்பேன், வேன் சாவியைத் தேடுவேன்.

சிட்டிசன்ஷிப்புக்கு மனுப் போட ஒரு வக்கீலம்மாவிடம் போனோம். சென்னைக்காரர். என்ன வேலை என்று கேட்டார். மண் என்றேன். யாருக்கு என்றார். தக்காளிக்கு என்று சொல்லிவிட்டு, மனசு கேட்காமல் உள்ளதைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அண்ணா, நல்லா கேட்டுக்கோங்க. ஸ்டேட்ல ஓகே. ஆனா சிட்டிசன்ஷிப் குடுக்கறது ஃபெடரல். அவங்களுக்கு அது இன்னும் போதைப் பொருள்தான். வளக்காதீங்க, வாங்காதீங்க, விக்காதீங்க, அந்தச் செடிய கையால தொடாதீங்க. ஒருத்தருக்கு ஹெல்ப் பண்ணேன்னு கூட இருக்க வேணாம்."

"மண்ணுங்க?"

"மண்ண எல்லாருக்கும் விக்கறீங்க. அத நான் எழுதிக்கறேன். செடி பக்கம் மட்டும் போகாதீங்க."

அதற்குப் பிறகு எனக்கு நிம்மதி போயிற்று. யார்டில் யாராவது செடியின் போட்டோ காட்ட வந்தால் மண் அள்ளும் லோடர் பக்கம் நகர்ந்துவிடுவேன். தினமும் வேனைக் கூட்டினேன். ஏதாவது ஓர் இலை ஒட்டியிருந்தால் தூக்கிப் பார்ப்பேன். எல்லாம் ஓக் மரத்து இலையாகவே இருக்கும்.

ஆறு தொட்டி

சரோஜா அம்மா எனக்குப் பழைய வாடிக்கை. பள்ளிக்கூட டீச்சராக இருந்து, மகனோடு இருக்க வந்தவர். அவர் வீட்டுப் பூசணிப் பாத்தியும் வெண்டைப் பாத்தியும் நான் கட்டியவை. அந்த வசந்தத்தில் அவர் கணவர் நடேசன் சாருக்குக் கீமோ நடந்துகொண்டிருந்தது. ஒரு வாய் சோறு இறங்காது, தூக்கமும் இல்லை. கஞ்சாவை முயன்று பார்க்கலாம் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். கடையில் போய் வாங்கலாம். ஆனால் கோயிலில் தெரிந்தவர்கள் யாராவது அந்தக் கடை வாசலில் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று அம்மாவுக்கு. மருந்தடித்து வளர்த்ததாக இருந்தால் தொடவே மாட்டேன் என்று சாருக்கு. கடைசியில் பக்கத்து வீட்டு லிண்டா தன் செடியிலிருந்து எடுத்த விதையை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டுக் கொடுத்துவிட்டார்.

அம்மா என்னிடம் தக்காளி என்றெல்லாம் சுற்றி வளைக்கவில்லை. இன்னதுக்கு, ஆறு தொட்டி, உன் மண்தான் வேண்டும் என்றார். சார் ஜன்னல் ஓரத்தில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தார். நான் அப்போதே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. சூடு அடங்கிய மண்ணாகப் பார்த்துக் கொண்டுவந்து ஆறு தொட்டியையும் நிரப்பினேன். விதை ஊன்றும் முன்னே வேனில் ஏறிவிட்டேன்.

அதோடு முடியவில்லை. இலை மஞ்சளாகிறது என்று போட்டோ வரும். தண்டு கொஞ்சம் வளைந்திருக்கிறது என்று போட்டோ வரும். பார்த்ததும் அழித்துவிடுவேன். தண்ணீர் குறைங்க அம்மா என்று மட்டும் பதில் போடுவேன். இது உதவியா, உதவி இல்லையா என்று வக்கீலம்மாவைக் கேட்கவும் பயம். சிவகாமி சொல்லிப் பார்த்தாள். "ஒரு வார்த்தை, வேண்டாமுங்கன்னு சொல்றதுக்கு என்னங்க உங்களுக்கு? நம்ம புள்ள அங்க ஒக்காந்திருக்குது." நான் பாத்திரம் தேய்த்தேன்.

பிரஷ்

இன்டர்வியூவுக்குத் தேதி வந்துவிட்ட சமயம். வெண்டைப் பாத்தியில் சொட்டு நீர்க் குழாய் அடைத்துக்கொண்டது என்று அம்மா கூப்பிட்டார். குழாய்தானே என்று போனேன்.

பின்கட்டுக் கதவைத் திறந்தால், அம்மா ஆறு தொட்டிகளுக்கு நடுவில் நிற்கிறார். கையில் பிரஷ். பூசணிக்காக நான் கொடுத்த அதே பிரஷ். இரண்டு செடியில் கொத்துக் கொத்தாக ஆண் பூ தொங்குகிறது. அதைப் பிரஷ்ஷில் தொட்டு, மற்ற நான்கு செடியிலும் பொறுமையாகத் தடவிக்கொண்டிருக்கிறார்.

"வா வேலு. நீ சொல்லிக் குடுத்தபடிதான். காலம்பற வெயிலுக்கு முன்னாடி."

உள்ளேயிருந்து நடேசன் சார் மெதுவாக நடந்து வாசற்படிக்கு வந்தார். பாதியாக இளைத்திருந்தார். "நெட்ல படிச்சுட்டுச் சொன்னேன்பா, ஆம்பளச் செடிய எடுத்துடணும்னு. பூசணிக்கு இல்லாத சட்டம் இதுக்கு மட்டும் என்னன்னு கேக்கறா. அந்த ரெண்டையும் பிடுங்கிப் போடேன். எனக்குக் குனிய முடியல."

நான் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். நோயாளி கேட்கிறார். ஒரு நிமிட வேலை. பார்க்க யாருமில்லை. என் கால் ஒரு அடி முன்னே போனதும் உண்மை. பிறகு நின்றது.

"என்னால முடியாதுங்க சார்."

அம்மா திரும்பிப் பார்த்தார். "ஊருக்கெல்லாம் மண்ணு போடற கை, எங்களதத் தொட மட்டும் கூசுதா?"

"கூச்சமில்லைங்க அம்மா. புள்ள கல்யாணமுங்க." அதற்கு மேல் கோர்வையாக வரவில்லை. வக்கீலம்மா சொன்னதும், இன்டர்வியூவும், பூங்கொடியும், மாப்பிள்ளை வீடு தேதி கேட்பதும் எல்லாம் முன்னுக்குப் பின்னாகக் கொட்டிவிட்டேன். அவ்வளவு பேச்சு அந்த வீட்டில் நான் அதுவரை பேசியதில்லை.

சார் சுவரோரம் கிடந்த நாற்காலியைப் பார்த்தார். பிறகு கேட்டார். "நாற்காலியத் தொடலாமா?"

"தொடலாமுங்க."

பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிப் போய் முதல் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு, பத்தடி தள்ளி வந்து நின்றேன். சார் உட்கார்ந்து, தண்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். வரவில்லை. அம்மா பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டு வந்து அவர் கையோடு கை சேர்த்தார். செடி வேரோடு வந்தது. வேர் முழுவதும் கருப்பாக, பொலபொலவென்று மண். நல்ல மண். அந்த நேரத்திலும் அது என் கண்ணில் பட்டது. நாற்காலியை இரண்டாவது தொட்டிக்கு நகர்த்தச் சொன்னார்கள். அவர் எழுந்து விலகி நின்றதும் நகர்த்தினேன்.

விதை

நான்கு செடியும் பாதி விதையாகத்தான் போயின. மிச்சம் தேறிய பூவில் சாருக்கு என்ன செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை. இரண்டு இட்லி சாப்பிடுகிறார் என்று அம்மா தானாகச் சொன்னார்.

இன்டர்வியூவுக்கு முந்தின வாரம் குழாயைப் பார்க்கப் போனபோது, கிளம்பும்போது கேட்டில் அம்மா ஒரு காகிதப் பொட்டலத்தை என் கையில் வைத்தார். மூலையில் மஞ்சள் தடவியிருந்தது. பாத்தி கட்டியவருக்கு முதல் விதையில் ஒரு பங்கு. வருஷாவருஷம் கொடுப்பதுதான். வாங்கி வேனில் போட்டுக்கொண்டு போவதுதான் வழக்கம். அன்று என்னவோ பிரித்தேன். தட்டையாகப் பூசணி விதை. உருண்டையாக வெண்டை விதை. வெண்டைக்கு நடுவில், அதே அளவில், சாம்பல் நிறத்தில் புலிக்கோடு.

மஞ்சள் வைத்துக் கொடுத்த விதையைத் திருப்பித் தருவது நம் வழக்கத்தில் இல்லை. வேனில் ஏறிப் போய் வழியில் கொட்டிவிடலாமா என்று கூட நினைத்தேன். ஆனால் அதுவரைக்கும் அது என் வேனில் இருக்கும்.

"வேண்டாமுங்க அம்மா" என்று நீட்டினேன்.

அவருக்கு முகம் மாறியது. பொட்டலத்தைப் பார்த்தார், புரிந்துவிட்டது. கோபிக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்தார். மடியில் காகிதத்தை விரித்து, வெண்டையிலிருந்து அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி லிண்டாவின் மாத்திரை டப்பாவில் போட்டார். நான் வேனுக்கும் கேட்டுக்கும் நடந்துகொண்டிருந்தேன். கடைசியாக இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, "இப்ப எல்லாம் வெண்டைதான். டீச்சர் சொல்றேன், நம்பு" என்று மறுபடி மடித்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

இன்டர்வியூவில் ஆபீசர் ஒவ்வொரு கேள்வியாகப் படித்தார். அந்தக் கேள்வியும் வந்தது. அந்தப் பொருளை வளர்த்தீர்களா, விற்றீர்களா, கடத்தினீர்களா. "நோ" என்றேன். என் இங்கிலீஷை எப்போதும் இரண்டாம் முறை கேட்பார்கள். அவர் கேட்கவில்லை. அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது ஒன்றுதான். மண் கலப்பது யார்டில் யார் வேண்டுமானாலும் கற்றுத் தருவார்கள். முடியாது என்பதை யாரும் கற்றுத் தர மாட்டார்கள். அதைத் தொட்டியை நிரப்பும் முன்னே சொல்லுங்கள். நான் நிரப்பிவிட்டுச் சொன்னவன்.

சிட்டிசனாக உறுதிமொழி எடுத்த நாள், பார்க்கிங்கில் வேனுக்குள் உட்கார்ந்து சிவகாமி போனை ஸ்பீக்கரில் போட்டாள். முதல் மணியிலேயே பூங்கொடி எடுத்தாள். எடுத்தும் ஒன்றும் கேட்கவில்லை.

"மாப்பிள்ளை வீட்டுல தேதி பாக்கச் சொல்லு சாமி" என்றேன்.