மனுவில் முதல் பெயர்

என் மனைவி கறி சாப்பிடுவதை நிறுத்தியபோது நான் பெரம்பலூரில் கோழிக்கடை வைத்திருந்தேன். இதைச் சொன்னால் இப்போதும் ஆட்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை, மூக்குக்கு மேல் கோபம்தான் வந்தது.

துறையூர் சாலையில் சின்னக் கடை. முன்பக்கம் பிராய்லர் கோழிக் கூண்டு, பக்கத்தில் தராசு, பின்னால் வெட்டுகிற கட்டை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை ஒற்றை ஆளாகச் சமாளிக்க முடியாது என்பதால் அவளும் வருவாள். கூண்டுக்குள் கையை விட்டுக் கோழியைப் பிடித்துக் கொடுப்பது அவள் வேலை. கீழப்பழுவூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள், ஆடு மாடுகளோடு வளர்ந்தவள். பிடிப்பதில் என்னைவிடக் கெட்டிக்காரி. அவள் வைக்கிற கோழிக்குழம்பின் வாசம் தெருமுனை வரைக்கும் வரும்.

புரட்டாசி வந்தால் எங்கள் பக்கம் பாதிப் பேர் கறியைத் தொட மாட்டார்கள். நான் கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டுவேன். எங்கள் வீட்டிலும் அந்த மாதம் கறி கிடையாது. ஆனால் ஐப்பசி பிறந்து வருகிற முதல் ஞாயிறு இருக்கிறதே, அடேயப்பா! கடை திறப்பதற்கு முன்பே வாசலில் பையோடு நிற்பார்கள். ஒரு மாதத்துப் பசியை ஒரே வேளையில் தீர்த்துவிடுகிற அவசரம் எல்லோர் முகத்திலும் தெரியும். அன்றைக்கு முதல் கோழியின் ஈரலை மட்டும் நான் விற்க மாட்டேன். அது என் மனைவிக்கு. ஈரல் என்றால் அவளுக்கு அவ்வளவு பிரியம்.

அந்த வருஷம் அந்த ஞாயிறன்று, "எனக்கு முடியலைங்க, நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டாள். தலைவலியாக்கும் என்று நினைத்தேன். கூட்டம் ஓய்ந்து மூன்று மணிக்கு ஈரல் பொட்டலத்தோடு வீட்டுக்குப் போனால், அடுப்பில் மொச்சைக்கொட்டையும் கத்தரிக்காயும் போட்ட குழம்பு.

"என்னடி இது? புரட்டாசி முடிஞ்சது தெரியாதா உனக்கு?"

"உங்களுக்கு முடிஞ்சிருச்சுங்க. எனக்கு முடியல."

பொட்டலத்தை வாங்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். நான் கத்தினேன். என்னமோ பைத்தியம் பிடித்துவிட்டதா, எந்தச் சாமியாராவது ஏதாவது சொல்லிவிட்டானா, வெளியே தெரிந்தால் என் கடை என்னாகும் என்று அடுக்கிக்கொண்டே போனேன். நான் மூச்சு வாங்குகிற வரைக்கும் பொறுத்திருந்துவிட்டுச் சொன்னாள்.

"ஆவணி கடைசி ஞாயிறு கூண்டுல கைய வுட்டேன். ஒரு கோழி காலால என் வெரல இறுக்கிப் புடிச்சுக்கிச்சு. நம்ம பொண்ணு பொறந்தப்ப புடிச்சா பாருங்க, அதுமாதிரி. அதுக்கப்புறமும் அத எடுத்துக் குடுத்துட்டேங்க. அன்னையிலிருந்து எனக்குக் கறி எறங்கல."

"ஊர்ல நாலு பேர் கேட்டா?"

"நான் யார்கிட்டயும் சொல்லல. நீங்கதான் தெருவுக்கே கேக்குற மாதிரி கத்திக்கிட்டிருக்கீங்க."

அதற்குப் பிறகு நான் வீம்புக்காக ஓட்டலில் கோழி வறுவல் தின்றுவிட்டு வீட்டுக்குப் போவேன். அவள் கோழிக்குப் போடுகிற அதே மிளகையும் சோம்பையும் அரைத்துக் காளானில் போடுவாள், தட்டைப்பயறில் போடுவாள். வயிறு நிறைந்திருந்தாலும் அந்த வாசத்துக்கு முன்னால் என் வீம்பு எத்தனை நாள் நிற்கும்? பங்குனிக்குள் கோழிக்கடைக்காரன் வீட்டில் வாரம் முழுக்கப் பயறும் காளானும்தான். நானும் ஓட்டலுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். நிறுத்தியதை அவளிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அவளிடம் எனக்குப் பிடித்த குணம், எதையும் மொத்தமாகக் கேட்க மாட்டாள். கடையை மூடு என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் நானும் ஒரு பிடி பிடித்திருப்பேன். அவள் சொல்லவே இல்லை. சித்திரை வெயிலில் ஒருநாள் எனக்குச் சாப்பாடு எடுத்து வந்தவள், கூண்டில் கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்ததைப் பார்த்தாள். தகர டப்பாவில் தண்ணீர் எடுத்து உள்ளே வைத்தாள்.

"சாயங்காலம் வெட்டப் போற கோழிக்கு எதுக்குடி தண்ணி?"

"சாயங்காலம்தான வெட்டப் போறீங்க? தாகம் இப்ப எடுக்குதே."

பதில் இல்லாவிட்டால் எனக்கு இன்னும் கோபம் வரும். நல்லவேளை, அப்போது கடையில் லப்பைக்குடிக்காட்டு பாய் ஒருவர் நின்றிருந்தார். வாராவாரம் டவுனுக்கு வரும்போது உயிர்க்கோழியாக இரண்டு வாங்கிப் போகிறவர். துபாயில் பாதி வயசைக் கழித்துவிட்டு வந்த மனிதர், அதிகம் பேச மாட்டார். அன்றைக்குப் பேசினார்.

"தங்கச்சி சொல்றது சரிதான் தம்பி. அறுக்கறதுக்கு முன்னாடி தண்ணி காட்டணும், ஒண்ணு பாக்க இன்னொண்ண அறுக்கக் கூடாதுன்னு எங்க மார்க்கத்துலயும் சொல்லியிருக்கு."

மறுநாள் கட்டைக்கு முன்னால் ஒரு பழைய புடவையைத் திரையாகக் கட்டினாள். எங்கள் கல்யாணத்துக்கு அவளுக்கு வாங்கிய மாம்பழக் கலர்ப் புடவை. வேறு புடவை கிடைக்கவில்லையா என்று கேட்டேன். "கெட்டித் துணியா வேணுங்க" என்றாள்.

அடுத்து அவள் கேட்டதுதான் எனக்குச் சிக்கலாகிப் போனது. பண்ணையிலிருந்து வருகிற வேன் மெயின் ரோட்டில் நிற்கும். எங்களை மாதிரி சின்னக் கடைக்காரர்கள் அங்கே போய், கோழிகளின் காலைச் சணல் கயிற்றால் கட்டி, வண்டியின் இரண்டு பக்கமும் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொண்டுவருவோம். பெரம்பலூரில் யாரும் அதை ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை, நானும்தான். அவள் காற்றோட்டமான பிளாஸ்டிக் பெட்டிகள் இரண்டு வாங்கி வந்து என் வண்டியில் கட்டிவிட்டாள்.

"இனிமே இதுலதான் கொண்டு வரணும். எனக்காகச் செய்யுங்க."

சரி என்று தலையாட்டினேன். செய்தேன், சத்தியமாகச் செய்தேன், திங்கள் முதல் சனி வரை. ஞாயிற்றுக்கிழமை பெட்டியில் கொண்டுவந்தால் மூன்று நடை ஆகும். தொங்கவிட்டால் ஒரே நடை. வாசலில் ஆள் நிற்கும்போது மூன்று நடைக்கு எங்கே போவது? பெட்டியைக் கடையில் கழற்றி வைத்துவிட்டுப் பழையபடி தொங்கவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வருவதைத்தான் அவள் நிறுத்திவிட்டாளே, எப்படித் தெரியும் என்ற துணிச்சல்.

திங்கட்கிழமைகளில் அவள் என் சட்டையைத் துவைப்பாள். பாக்கெட்டில் சணல் கயிற்றுத் துண்டு கிடக்கும். கோழியை அவிழ்க்கும்போது துண்டைப் பாக்கெட்டில் போடுவது என் கையின் பழக்கம், எனக்கே தெரியாது. அவள் அதையெல்லாம் குப்பையில் போடாமல் அலமாரியில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு டம்ளரில் போட்டு வைத்தாள். நானும் பார்த்தேன். எதற்கோ சேர்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். என்னைப் போல ஒரு மடையன் இந்த ஜில்லாவில் உண்டா?

அடுத்த வருஷப் புரட்டாசி வந்தது. வியாபாரம் மந்தமாக இருந்த அந்த நாட்களில், அவள் ஒரு பெட்டியை மாதிரிக்குக் கையில் எடுத்துக்கொண்டு டவுனில் இருக்கிற கோழிக்கடை ஒவ்வொன்றுக்கும் போயிருக்கிறாள். அண்ணே, தொங்கவிடாமல் இதில் கொண்டு வாங்கண்ணே என்று கேட்டிருக்கிறாள். சிரித்திருக்கிறார்கள். ஒருத்தர், "மொதல்ல உன் வூட்டுக்காரரத் திருத்தும்மா, ஞாயித்துக்கெழம அவரு வண்டியப் போய்ப் பாரு" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். எனக்கு இதெல்லாம் பிற்பாடுதான் தெரியும்.

புரட்டாசி முடியப்போகிற வாரம். திங்கட்கிழமை காலை டீக்கடையில் ஒருத்தன் என்னைப் பார்த்து இளித்தான்.

"என்னண்ணே, அண்ணி ஒங்க கடை மேலயே மனு குடுக்கப் போயிருக்காங்களாமே? கலெக்டர் ஆபீஸ்ல வரிசைல நிக்கிறாங்க!"

டீயை அப்படியே வைத்துவிட்டு வண்டியை முறுக்கினேன். திங்கட்கிழமை மனு வாங்குகிற நாள், ஆபீஸ் முழுக்கக் கூட்டம். பட்டாவுக்கும் பென்ஷனுக்கும் வந்தவர்களுக்கு நடுவில் அவள் பையை அணைத்துக்கொண்டு நின்றாள். பின்னால் துணைக்கு அந்த லப்பைக்குடிக்காட்டு பாய். நான் கையைப் பிடித்து இழுக்காத குறைதான்.

"வூட்டுக்கு வா. மானம் கப்பலேறுது."

அவள் அசையவில்லை. மனுவை என்னிடம் நீட்டினாள். அவள் கையெழுத்து, கோடு போட்ட தாள். கோழிகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொண்டுவரக் கூடாது என்று சட்டமே இருக்கிறது, அதை எங்கள் ஊரில் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று எழுதியிருந்தாள். கீழே கடைகளின் பட்டியல். முதல் பெயர் எங்கள் கடை.

"ஏண்டி, நம்ம கடைய எழுதியிருக்க?"

"நம்ம வூட்டுத் தப்ப மறைச்சுட்டு ஊரார் தப்ப எழுதுனா நான் என்ன மனுசிங்க?" என்றாள். "டம்ளர்ல கயிறு கெடக்கே, பாக்கலையா நீங்க?"

அதற்குள் அவள் முறை வந்துவிட்டது. அதிகாரி மனுவைப் படித்தார்.

"முதல்ல எழுதியிருக்கீங்களே, இது யாரு கடைம்மா?"

"என் வூட்டுக்காரர் கடைங்க சார்."

"அவருக்குத் தெரியுமா?"

"பின்னாடிதான் நிக்கிறாருங்க."

ஆபீஸே சிரித்தது. என் காதெல்லாம் எரிந்தது. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அத்தனை பேர் சிரிக்கும்போதும் அவள் குரல் நடுங்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுத்ததில் அவளுக்குக் கொஞ்சமும் சந்தோஷம் இல்லை, கொஞ்சமும் பயமும் இல்லை. இப்படி ஒரு பெண் எப்படி எனக்கு வந்து வாய்த்தாள் என்று அந்த எரிச்சலுக்கு நடுவிலும் தோன்றியது.

புதன்கிழமை மொத்த வியாபாரி போன் பண்ணினார். எல்லாக் கடைகளுக்கும் கோழி அனுப்புகிறவர்.

"தம்பி, வெள்ளிக்கெழமைக்குள்ள உன் சம்சாரம் மனுவ வாபஸ் வாங்கணும். இல்லன்னா ஞாயித்துக்கெழம உனக்கு லோடு கெடையாது."

ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்த ஞாயிறு. ஐப்பசி முதல் ஞாயிறு. அந்த ஒரு நாளை நம்பித்தான் எங்கள் தீபாவளியே. லோடு இல்லையென்றால் வருகிறவர்கள் அடுத்த கடைக்குப் போவார்கள், போனவர்கள் திரும்பி வருவது சந்தேகம். நேராக வீட்டுக்குப் போய் அவளிடம் சொன்னேன். மொச்சை உரித்துக்கொண்டிருந்தவள் எழுந்து கையைத் துடைத்தாள்.

"கடை உங்களுதுங்க. நீங்க சொன்னா நாளைக்கே போய் வாபஸ் வாங்கிட்டு வந்துடறேன். ஒரு வார்த்த கேக்க மாட்டேன்." அலமாரியிலிருந்து டம்ளரை எடுத்து, கயிற்றுத் துண்டுகளை என் உள்ளங்கையில் கொட்டினாள். "ஆனா இத கையில வச்சுக்கிட்டுச் சொல்லுங்க."

நிறைய இருந்தது. கை கொள்ளாமல் இரண்டு மூன்று கீழே விழுந்தன. ஒவ்வொரு துண்டும் நான் அவளிடம் சொன்ன ஒரு பொய். கீழே விழுந்ததையும் பொறுக்கி எல்லாவற்றையும் டம்ளரில் போட்டேன். அவள் முன்னாலேயே வியாபாரிக்குப் போன் போட்டேன். "லோடு வேணாம்ணே" என்றேன். "பொண்டாட்டிக்குப் பயந்த பய" என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார். அதுவும் பொய்யில்லை.

இதை வைத்து என்னை மகான் ஆக்கிவிடாதீர்கள். தீபாவளி கழிந்ததும் அதிகாரிகள் கடை கடையாக வந்து எச்சரித்துவிட்டுப் போக, டவுனில் பாதிக் கடைகளில் பெட்டி வந்துவிட்டது. வியாபாரியும் இறங்கிவந்து லோடு அனுப்பினார். நான் மேற்கொண்டு எட்டு மாதம் கோழி வெட்டினேன். அப்புறம்தான் கையும் மனதும் விட்டுப்போய் நிறுத்தினேன். இப்போது அதே இடத்தில் சாப்பாட்டுக் கடை. அவள் மசாலா, அவள் காளான் குழம்பு. பழைய வாடிக்கை பாதிக்கு மேல் வருகிறது.

ஆனால் எனக்கு மறக்காதது லோடு வராத அந்த ஞாயிறு. காலிக் கூண்டோடு கடையைத் திறந்து வைத்தேன். பையோடு வந்தவர்கள் ஏன் இல்லை, ஏன் இல்லை என்று கேட்டார்கள். முதல் ஆளிடம் ஏதோ மழுப்பினேன். இரண்டாவது ஆளிடம், "இனிமே தலைகீழாத் தொங்கவுட்டுக் கொண்டாற மாட்டேங்க, அதான் லோடு இல்ல" என்றேன். அதற்கப்புறம் வந்த அத்தனை பேரிடமும் அதையே சொன்னேன். சிலர் திட்டினார்கள், சிலர் தலையில் அடித்துக்கொண்டார்கள். பாய் மட்டும், "அடுத்த வாரம் வரேன் தம்பி" என்றார்.

பன்னிரண்டு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். மகள் ஹாஸ்டலில். என் மனைவி அடுப்படித் தரையில் ஒற்றைத் தட்டை வைத்துக்கொண்டு தனியாகச் சாப்பிட உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தாள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு முன்னால் நான் வீட்டுக்கு வந்து அவள் பார்த்ததே இல்லை. கடையில் கூட நின்ற காலத்தில் நின்றபடியே தின்றாள், கடைக்கு வராமல் போன இந்த ஒரு வருஷமாக இப்படித் தனியாகத் தின்றிருக்கிறாள். அது என் மூளையில் அப்போதுதான் உறைத்தது.

"உக்காரு" என்று நானும் தரையில் உட்கார்ந்தேன்.

"கறி எதுவும் செய்யலையேங்க. புரட்டாசி முடிஞ்சிருச்சே, உங்களுக்கு..."

"எனக்கும் முடியலடி" என்றேன்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் இன்னொரு தட்டு எடுத்து வந்தாள்.